நியூரான் வலைப்பின்னலில் அம்பு போடும் முன்

போன மாதம் தஞ்சாவூரில் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் 40 வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு நியூரான், அதாவது மூளையின் நரம்புச் செல். நடுவே சிவப்பு அம்புகள். “எது எதை இயக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார்” என்றாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். அதே படத்தை நானும் ஒரு காலத்தில் வரைந்தேன். எட்டு மாத உழைப்பு அதில் போயிற்று. அதனால்தான் நியூரான்களைக் கணினியில் மாடல் செய்யும்போது நாம் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

மில்லிசெகண்டை செகண்ட் என்று போடுவது, அலகைக் குழப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. வரைபடத்தைப் பார்த்ததுமே அவை தெரிந்துவிடும்.

சேர்ந்து துடித்தால் இணைப்பு உண்டு என்று நம்புவது

இரண்டு நியூரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஸ்பைக், அதாவது ஒரு மின்துடிப்பு, விடுகின்றன. கோரிலேஷன் போட்டுப் பார்க்கிறோம். பள்ளியில் ஒட்டுறவு என்று படித்தது. எண் பெரிதாக வருகிறது. உடனே நடுவில் ஒரு சினாப்ஸ், அதாவது நியூரான்களை இணைக்கும் சந்திப்பு, வைத்து, அதன் வலுவைக் கூட்டிக் குறைத்து மாடலை ஓட்டுகிறோம். மாடலும் அதே கோரிலேஷனைத் தருகிறது. தரத்தான் செய்யும், வலுவைத் திருகியதே அதற்காகத்தான். அது நிரூபணம் இல்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு கருத்தரங்கில். நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த ஆய்வாளர் எழுந்து, “அந்த இணைப்பை 0 ஆக்கினால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே இணைப்பை 0 ஆக்கி, இரண்டு நியூரான்களுக்கும் ஒரே பொது நாய்ஸை (தாறுமாறான உள்ளீட்டை) கொடுத்து ஓட்டினேன். கோரிலேஷன் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

டெல்டாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்ற ஆத்திரம் இன்றும் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள். சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து ஷட்டரைத் தூக்கியதும் வெண்ணாறும் ஏறும், கல்லணைக் கால்வாயும் ஏறும். இரண்டின் நீர்மட்டத்தையும் தினம் குறித்து வைத்தால் கோரிலேஷன் பிரமாதமாக வரும். அதை வைத்து, கால்வாய்த் தண்ணீர்தான் வெண்ணாற்றுக்குப் பாய்கிறது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். மேலே ஒரே அணை இரண்டுக்கும் விடுகிறது. மூளையில் அந்த அணை பெரும்பாலும் நம் பதிவில் இருக்காது. கோடிக்கணக்கான நியூரான்களில் சில நூறைத்தான் பதிகிறோம்.

“ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி வந்தா? அப்பவாவது அம்பு போடலாமா சார்?” என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. வெண்ணாற்றுத் தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலில் முதலில் ஏறும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடையில் நாள் கழித்து ஏறும். முந்தி ஏறிய வாய்க்கால் பிந்தியதற்குக் கொடுத்தது என்று ஆகுமா? தனித்தனி மதகில் பிரிந்தவை அவை. பொது மூலத்திலிருந்து ஒரு நியூரானுக்கு 2 மில்லிசெகண்டிலும் இன்னொன்றுக்கு 7 மில்லிசெகண்டிலும் சமிக்ஞை போனால், முதலாவது இரண்டாவதை 5 மில்லிசெகண்ட் தாமதத்தில் இயக்குவது போலவே தெரியும். ஒன்றின் கடந்த காலம் மற்றதைக் கணிக்க உதவுகிறதா என்று பார்ப்பது கிரேஞ்சர் முறை. மூலம் தரவில் இல்லாவிட்டால் அதுவும் ஏமாறும்.

இன்னொரு கண்ணி: பொது உள்ளீடு மாறாமலிருந்தாலும், நியூரான்களின் ஸ்பைக் வீதம் கூடினால் அவற்றின் கோரிலேஷனும் கூடும். இது 2007-லேயே காட்டப்பட்டது. அதைப் பார்த்து “கற்றலால் சினாப்ஸ் வலுத்தது” என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது நான் முதலில் எழுதுவது இணைப்பே இல்லாத மாடல். பொது உள்ளீடு மட்டும். அது தரும் கோரிலேஷனுக்கு மேல் தரவில் மிச்சம் இருந்தால்தான் அம்பைப் பற்றிப் பேச்சு. ஒரே தூண்டலைப் பலமுறை கொடுத்த தரவென்றால், ஒரு நியூரானின் முதல் முறையை மற்றதன் இரண்டாம் முறையோடு ஜோடி சேர்த்துப் பாருங்கள். அப்போதும் நிற்கிற கோரிலேஷன் தூண்டலிலிருந்து வந்தது. சோதனைக்கூடத்தில் வாய்ப்பு இருந்தால் ஒன்றைத் தூண்டிவிட்டு மற்றதைக் கவனியுங்கள். மதகை அடைத்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்தச் சூத்திரமும் இல்லை.

1952-ன் சமன்பாடுகளைப் பாதி நகலெடுப்பது

நியூரான் எப்படி ஸ்பைக் விடுகிறது என்பதற்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் ராட்சத ஆக்சானை (நியூரானின் நீண்ட இழையை) அளந்து எழுதிய சமன்பாடுகள் அவை, எண்கள் 6.3 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. மூலக் கட்டுரையில் ஓய்வுநிலை 0, மின்னழுத்தத்தின் குறியும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். பாதியை அதிலிருந்தும் பாதியை இன்றைய பாடநூலிலிருந்தும் எடுத்தால் எதுவும் ஒட்டாது. பாடநூல் வடிவத்திலும் ஒரு பள்ளம் உண்டு: மைனஸ் 55 மில்லிவோல்ட்டில், செல் சவ்வில் பொட்டாசியத்தை விடும் வாயில் திறக்கும் வீதம் 0/0 ஆகிவிடும். அந்தப் புள்ளிக்கு 0.1 என்று தனியாக எழுதிவிடுங்கள். சோடியத்துக்கு இதே சிக்கல் மைனஸ் 40-ல் வரும்; அங்கே 1.

சமிக்ஞை போய்ச்சேரும் தாமதத்தை 0 என்று வைப்பது

வைக்காதீர்கள். மைலின் என்ற கொழுப்பு உறை இல்லாத, நொடிக்கு 1 மீட்டர் போகும் மெல்லிய இழையில், 1 சென்டிமீட்டருக்கே 10 மில்லிசெகண்ட் ஆகும்.

அடக்கும் நியூரான்களை விடுவது

மற்ற நியூரான்களின் ஸ்பைக்கைக் குறைப்பவை இவை. மூளையின் வெளிப்பரப்பான கார்டெக்ஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அவைதான். விட்டால் எல்லாம் ஒன்றையொன்று தூண்டி மாடலுக்கு வலிப்பு வரும்.

இணைப்பு வரைபடம் இருந்தால் போதும் என்பது

சி. எலிகன்ஸ் புழுவுக்கு 302 நியூரான்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-ல் வந்தது. அந்தப் புழுவின் நடத்தையை முழுதாகக் கணிக்கும் மாடல் இன்றும் இல்லை. எந்த சினாப்ஸ் தூண்டும், எது அடக்கும், எவ்வளவு வலு என்பதை அந்தப் படம் சொல்லாது. நியூரான்கள் வெளியிடும் நியூரோபெப்டைட்கள் என்ற வேதிச் சமிக்ஞைகள் இணைப்பே இல்லாத நியூரான்களுக்கும் பரவுகின்றன.

அந்த மாணவி நேற்று போன் செய்தாள். இணைப்பில்லாத மாடலை ஓட்டியிருக்கிறாள். 31 அம்புகளில் 3 மிஞ்சியிருக்கின்றன. முறைகளை மாற்றி ஜோடி சேர்க்கும் சோதனை அந்த மூன்றுக்கும் இன்னும் பாக்கி.