வெட் ரூம் கட்டப்போகிறீர்களா? டைல்ஸ் கடைக்கு அப்புறம் போகலாம்

தாம்பரம் பக்கம் இரண்டாவது மாடியில் இருக்கிற எங்கள் ஃப்ளாட்டின் குளியலறையை மொத்தமாக உடைத்துக் கட்டினோம். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பழைய பாத்ரூமில் குளிக்கிற இடத்தைச் சுற்றி நாலு அங்குல உயரத்துக்கு ஒரு திட்டு இருக்கும், அதைத் தாண்டுவதற்கு ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்துத்தான் காலைத் தூக்குவார். அந்தத் திட்டே வேண்டாம், கதவிலிருந்து ஷவர் வரைக்கும் தரை தடையில்லாமல் போகட்டும் என்று முடிவு செய்து, அன்றைக்கே டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டோம். அது தப்பு. நிறம், டிசைன் எல்லாம் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. தண்ணீர் எங்கே விழும், எந்தப் பக்கம் ஓடும், எங்கே இறங்கும் என்று ஒரு காகிதத்தில் வரைந்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

இப்படித் திட்டில்லாமல் மொத்தத் தரையும் நனைகிற குளியலறையைத்தான் வெட் ரூம் என்கிறார்கள், பெயர்தான் நமக்குப் புதிது. ஊரில் கிணற்றடியில் துவைகல் பக்கத்தில் நின்று குளித்தவர்களுக்கு முழுசாக நனைகிற இடம் புதிதே இல்லை, அங்கே ஊற்றிய தண்ணீர் தானாக வாய்க்கால் பிடித்து வாழைக்குப் போய்விடும். ஃப்ளாட் பாத்ரூமும் முழுக்க நனைகிறதுதான். ஆனால் நனைந்த தண்ணீர் போகாமல் மூலையில் தேங்கி, சாயங்காலம் வரை தரை ஈரமாகவே கிடந்து, டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. நல்ல வெட் ரூமில் குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் தரை காயத் தொடங்கிவிட வேண்டும்.

எங்களுடையது 8 அடி நீளம், 5 அடி அகலம். கதவு ஒரு முனையில், ஷவர் மறுமுனையில், நடுவில் வாஷ்பேசினும் வெஸ்டர்ன் கழிப்பறையும். சென்னை ஃப்ளாட்டுகளில் நிறையப் பேருக்கு இந்த அளவுதான் இருக்கும், இது போதும். கதவோரத்து 5 அடி காய்ந்த பகுதி, கடைசி 3 அடி குளிக்கிற பகுதி என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். துண்டு, மாற்றுத்துணி, டிஷ்யூ எல்லாம் கதவோரம். திட்டு இல்லாததால் கோடு கண்ணுக்குத் தெரியாது, வாட்டத்தில், அதாவது தரையின் சரிவில்தான் தெரியும்.

இந்த வாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வெட் ரூமின் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது. கொத்தனாரிடம் ஒன்றுக்கு எண்பது, ஒன்றுக்கு நூறு என்று விகிதத்தில் சொல்வதைவிட நூல் கணக்கில் பேசுங்கள், சட்டென்று புரியும். அங்குலத்துக்கு எட்டு நூல். காய்ந்த பகுதிக்கு அடிக்கு ஒரு நூல் இறக்கம் போதும், குளிக்கிற பகுதிக்கு அடிக்கு ஒன்றரை நூல். எங்கள் அறைக்கு 5 அடிக்கு 5 நூல், 3 அடிக்கு நாலரை நூல், ஆக மொத்தம் ஒன்பதரை நூல், அதாவது கிட்டத்தட்ட 30 மி.மீ. இவ்வளவு இறக்கம் காலுக்கே தெரியாது, தண்ணீருக்கு நன்றாகத் தெரியும். இதற்கு மேல் அதிகமாக்கினால் வயதானவர்களுக்கு நிற்கும்போது ஒரு பக்கம் சாய்வது போல இருக்கும், முக்காலியும் ஆடும். குறைத்தால் தண்ணீர் நின்றுவிடும். கதவு நிலைக்கு வெளியே இருக்கிற அறைத் தரையைவிடப் பாத்ரூம் தரை அரை அங்குலமாவது கீழே இருக்கட்டும், அந்த இடத்தில் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்த கிரானைட் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டால் கால் இடறாது, சக்கர நாற்காலியும் ஏறிவிடும்.

தண்ணீர் இறங்குகிற இடம் அடுத்தது. வழக்கமாக நடுவிலோ மூலையிலோ ஒரு சதுர ஜாலி வைப்பார்கள். அதற்கு நாலு பக்கத்திலிருந்தும் வாட்டம் கொடுக்க வேண்டும், பெரிய டைல்ஸ் போட்டால் குறுக்கே வெட்டி வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். கடைசிச் சுவரை ஒட்டி லீனியர் ட்ரெயின் என்கிற நீளமான வடிகால் வைத்தால் தரை முழுக்க ஒரே திசையில் சாய்ந்தால் போதும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஷவரில் வருகிற தண்ணீரை மட்டும் மனதில் வைத்து 50 மி.மீ. குழாய் கொடுத்தால் நம் வீட்டுக்குப் பத்தாது. நாம் கழுவிவிடும்போது 15, 20 லிட்டர் பக்கெட்டை ஒரே மூச்சில் கவிழ்க்கிறவர்கள். 75 மி.மீ. குழாய் போடச் சொல்லுங்கள். ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிற கிண்ணம் மாதிரியான நஹானி ட்ராப்பில் 50 மி.மீ. ஆழத்துக்காவது தண்ணீர் நிற்க வேண்டும், நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஜாலியைக் கையால் தூக்கி முடி எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், ஸ்க்ரூ போட்டு இறுக்கியதை யாரும் கழற்றிச் சுத்தம் செய்வதில்லை.

இப்போது கசிவு. எங்கள் பழைய பாத்ரூமின் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி, கம்பி துருப்பிடிக்கிற அளவுக்குப் போயிருந்தது. கீழ்வீட்டு அக்கா நல்லவர், இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டார். உடைத்துப் பார்த்தால் குழாய்கள் போவதற்காகப் பாத்ரூம் தரைக்கு அடியில் விடுகிற, சங்கன் என்று சொல்கிற பள்ளத்தில் போட்டிருந்த செங்கல் ஜல்லி முழுக்கத் தண்ணீர், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி சொட்டுகிறது. கட்டியவர்கள் மேலே டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் தேய்த்ததோடு விட்டிருந்தார்கள், அடியில் தடுப்பு எதுவுமே இல்லை. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். டைல்ஸ் தடுக்கலாம், இடுக்குகள் தடுக்காது.

அதனால் இரண்டு இடத்தில் வாட்டர் ப்ரூஃபிங் செய்யுங்கள். பள்ளத்தின் அடித்தளத்தில் ஒன்று, பள்ளத்தை நிரப்பி வாட்டம் கொடுத்துப் பூசிய பிறகு டைல்ஸுக்கு நேர் கீழே இன்னொன்று. சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கூர்மையாக விடாமல் கலவையால் வளைவாக உருட்டிவிட வேண்டும், அதன் மேலும் குழாய் வெளியே வருகிற இடங்களிலும் ஃபைபர் வலை வைத்துப் பூச வேண்டும், கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் தொடங்கும். பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு என்றால் இரண்டு கோட், முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் அதற்குக் குறுக்கே. சுவரில் ஒரு அடி உயரம் போதும் என்பார்கள், ஷவர் இருக்கிற சுவர்களில் 7 அடி வரைக்கும் இழுத்துவிடுங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் குழாயை வெளியே கொண்டுபோய் விட்டால் என்றைக்காவது தண்ணீர் உள்ளே இறங்கினாலும் அது வழியாகச் சொட்டும், நமக்கும் தெரிந்துவிடும்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ஜாலியை அடைத்து, கதவில் கலவையால் ஒரு வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டில் சொல்லிவைத்துத் தினமும் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் வீணாகிறது என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்களுக்கு முதல் சோதனையில் கழிப்பறைக் குழாய் ஓரத்தில் ஈரம் தெரிந்தது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் என்பதால் அரை நாளில் சரிசெய்ய முடிந்தது.

சுவரை மூடுவதற்கு முன்னால் குழாய்களை பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். அப்புறம் டேப்பைச் சுவரில் பிடித்து அளவு தெரிகிற மாதிரி எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குக் கைப்பிடி மாட்டத் துளை போடும்போது குழாயைக் குத்தாமல் காப்பாற்றப்போவது அந்தப் போட்டோதான்.

சரி, டைல்ஸ். தரைக்கு பளபளப்பானதை யார் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் வாங்காதீர்கள். பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத் தன்மையைக் குறித்திருப்பார்கள், எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும். அது செருப்போடு நடக்கிறதை வைத்துச் சொல்கிற கணக்கு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனியாக ஒரு தரம் உண்டு, குளிக்கிற இடத்துக்கு பி வேண்டும். எதுவும் எழுதியிருக்காவிட்டால் கடையிலேயே ஒரு டைலைக் கீழே போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். நம் வீடுகளில் எண்ணெய்க் குளியல் இருக்கிறது, நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து தரையில் இறங்கினால் எந்த வெளிநாட்டுத் தரமும் அதை யோசித்திருக்காது. அதற்காக ரொம்பச் சொரசொரப்பாகவும் போகாதீர்கள், அழுக்கு உட்கார்ந்துகொண்டு தேய்க்கிறவர் கை போய்விடும். ஒரு அடிக்கு ஒரு அடி மேட் டைல்ஸ் எனக்குத் திருப்தி. இடுக்குகள் கொஞ்சம் அதிகமாக வரும், அதுவும் காலுக்குப் பிடிமானம்தான். இடுக்கை நிரப்ப எபாக்ஸி கிரவுட் என்கிற பிசின் கலவை போடுங்கள், சிமெண்ட் கிரவுட்டைவிட விலை கூடுதல், தண்ணீரும் கறையும் உள்ளே இறங்காது.

நிறத்தைத் தீர்மானிப்பது உங்கள் ரசனையைவிட உங்கள் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் என்றால் கறுப்பு டைல்ஸும் கறுப்பு மேட் குழாய்களும் ஒரே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பூத்துவிடும். வெளிர் சாம்பல், மணல் நிறம், சந்தன நிறம் எல்லாம் உப்பை மறைக்கும். கறை போக ஆசிட் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது சிமெண்ட் கிரவுட்டை அரித்து எவர்சில்வர் ஜாலியையும் கெடுக்கும். கடப்பா கல்லும் கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கல் வகை, அவற்றின் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மங்கிவிடும்.

கண்ணாடித் தடுப்பு வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். படத்தில் அழகுதான். உப்புத் தண்ணீர் வீட்டில் தினமும் குளித்து முடித்ததும் வைப்பரால் வழித்துவிட ஆள் இருந்தால் வையுங்கள், கதவு இல்லாமல் மூன்றடி அகலத்துக்கு 8 அல்லது 10 மி.மீ. டஃபண்டு கண்ணாடி ஒன்றே போதும். நாங்கள் கழிப்பறைக்கும் ஷவருக்கும் நடுவில் மூன்றரை அடி உயரத்துக்கு ஒல்லியாக ஒரு சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டிவிட்டோம். கழிப்பறை சீட் நனையவில்லை, அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ளவும் ஆயிற்று.

கைப்பிடிக் கம்பி இப்போது தேவைப்படாவிட்டாலும் அதற்கான இடத்தை இப்போதே தயார் செய்யுங்கள். சாதாரணச் செங்கல்லில் ஓரளவு நிற்கும், ஏஏசி பிளாக் என்கிற எடை குறைந்த கல் சுவரில் வெறும் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அந்த இடத்தில் மட்டும் கான்கிரீட் நிரப்பிவிடச் சொல்லுங்கள். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரம், கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி 32 முதல் 40 மி.மீ. கனம். துண்டு மாட்டுகிற கம்பியைப் பிடித்து எழுந்திருக்க யாரையும் பழக்காதீர்கள். உட்கார்ந்து குளிக்க 18 அங்குல உயரத்தில் சுவரோடு மடங்குகிற இருக்கையோ கட்டிய திண்ணையோ இருக்கட்டும், எண்ணெய் தேய்த்து ஊறுகிற நேரத்துக்கு வீட்டில் எல்லோரும் அதில்தான் உட்காருகிறோம்.

ஷவர் வைத்தாலும் பக்கெட் குழாயை எடுத்துவிடாதீர்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பக்கெட் அடியில் போய் நிற்கிற மாதிரி. கையில் பிடிக்கிற ஷவர் ஒன்று இருந்தால் உட்கார்ந்து குளிப்பவர்களுக்கும் சுவரைக் கழுவவும் உதவும். சோப்பு, ஷாம்பு வைக்க ஸ்டீல் தட்டு மாட்டுவதற்குப் பதிலாகச் சுவரிலேயே மாடம் விடுங்கள், பாட்டி வீட்டு விளக்கு மாடம் மாதிரி. அதன் அடித்தளமும் வெளிப்பக்கம் ஒரு நூல் சாய வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு கரைந்து கூழாகும். மாடத்துக்குள்ளும் வாட்டர் ப்ரூஃபிங் பூச மறக்கக் கூடாது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. அந்த லைனில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஷவருக்கு மேலே விளக்கு வைத்தால் தண்ணீர் பட்டாலும் உள்ளே போகாது என்பதைக் குறிக்கிற ஐபி 65 என்று போட்டதாக இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேனை ஈரப் பகுதியின் மேலே, ஜன்னலோரம் வையுங்கள். கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி வேண்டும், காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சத்தம்தான் போடும். மரக் கதவு இங்கே நிலைக்காது, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற டபிள்யூபிசி கதவு நல்லது, நிலைக்கு கிரானைட் போட்டால் அடிப்பக்கம் இற்றுப்போகாது. சக்கர நாற்காலி வர வேண்டியிருக்கும் என்றால் கதவு 3 அடி அகலம் இருக்கட்டும்.

தரைத்தளத்தில் தனி வீடு கட்டுகிறவர்கள் குளிக்கிற தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் ஆரம்பத்திலேயே தனித்தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். குளிக்கிற தண்ணீரை ஒரு கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு வாழைக்குப் பாய்ச்சலாம். எங்களுக்கு மாடியில் அது முடியவில்லை, இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கதவோரம் நின்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடி முடித்த பிறகு எங்கேயாவது குட்டை மாதிரி நின்றால் அந்த டைலைச் சாக்பீஸால் குறித்து, எடுத்து ஒட்டச் சொல்லுங்கள், மேஸ்திரி இருக்கும்போதே. தரை டைல்ஸில் ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து, மேலே எந்த பாத்ரூம் என்று எழுதி லாஃப்டில் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் போய்க் கேட்டால் அதே நிறம் கிடைக்காது.