மொட்டைமாடியில் தொடங்கும் ஸ்கைடைவிங்: வடசென்னைக்காரர்களுக்கு முதல் குதிப்புக்கான செய்முறை

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் யாரிடமாவது ஸ்கைடைவிங் போகப்போகிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் உடனே வரும். “அதுக்கெல்லாம் நிறைய காசு ஆகுமே?”, “பாராசூட் விரியலன்னா என்ன பண்ணுவ?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் போகப்போக வரும்.

சென்னைக்கு மேல் குதிக்க வழியில்லை. மீனம்பாக்கத்துக்கு வந்துபோகிற விமானங்களால் நம் வானம் எந்நேரமும் நிரம்பியிருக்கிறது. குதிக்க வெளியூர்தான் போக வேண்டும். ஆனால் பழக்கத்தில் பெரும்பகுதியை வீட்டு மொட்டைமாடியிலேயே முடித்துவிடலாம். விமானத்தின் கதவு திறந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. உடம்புக்கு ஏற்கெனவே எது பழகியிருக்கிறதோ அதைத்தான் அது செய்யும். அதனால்தான் இந்தப் பதிவில் தரையில் செய்ய வேண்டியதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த வகைக் குதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

முதல்முறை குதிப்பவர்களுக்கு டேண்டம் போதும். பயிற்றுநரின் ஹார்னஸோடு (உடம்பில் மாட்டும் பட்டைக்கட்டு) உங்கள் ஹார்னஸைப் பூட்டி, இருவரும் ஒன்றாகக் குதிப்பதுதான் டேண்டம். பாராசூட்டை அவர் பார்த்துக்கொள்வார். தரையில் அரை மணி நேரம் போலப் பாடம் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஏஎஃப்எஃப் (Accelerated Freefall) என்று ஒரு பயிற்சி இருக்கிறது. ஏழெட்டு நிலைகள். முதல் நிலைகளில் இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் உங்களைப் பிடித்துக்கொண்டே விழுவார்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமம் வாங்கக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். அது பெரிய செலவு. டேண்டம் என்றால் கதை வேறு. ஒரு சுமாரான சீட்டு எடுத்த பணத்தில் முடிந்துவிடும். எனவே முதல் கேள்விக்குப் பதில்: ஒருமுறை குதிக்க வருஷக்கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, தொடர்ந்து குதிக்கத்தான் சேர்க்க வேண்டும்.

படி 2: உடம்பைப் பாருங்கள், வீட்டில் சொல்லுங்கள்

வயது 18 முடிந்திருக்க வேண்டும். எடைக்கு ஒரு வரம்பு உண்டு. பல இடங்களில் 90 முதல் 100 கிலோவுக்குள் கேட்பார்கள். ரத்த அழுத்தம், இதயம், முதுகுத்தண்டு, தோள்மூட்டு நழுவல், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். மூக்கடைப்போ சளியோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வேகமாகக் கீழே வரும்போது காதுக்குள் அழுத்தம் சமனாகாமல் வலி உயிரை எடுத்துவிடும்.

பாண்டிச்சேரியில் சனிக்கிழமை ஸ்கூபா, ஞாயிற்றுக்கிழமை ஸ்கைடைவ் என்று ஒரே வாரஇறுதியில் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஆழத்தில் இருந்துவிட்டு வந்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். நடுவில் ஒரு முழு நாளாவது விடுங்கள்.

வீட்டில் மறைத்துவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவரின் பெயரை எழுதத்தான் போகிறீர்கள். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். “பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று பாட்டி கேட்டால் ரேச்சல் தாமஸைப் பற்றிச் சொல்லுங்கள். 2002இல் வட துருவத்துக்கு மேலே 7,000 அடியிலிருந்து குதித்தவர். 2005இல் பத்மஸ்ரீ வாங்கினார். அப்புறம், உங்கள் ஆயுள் காப்பீட்டையும் மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கும் ஒரு வரி பல பாலிசிகளில் ஒளிந்திருக்கும்.

படி 3: இடமும் பருவமும்

நமக்குக் கிட்டத்தில் மைசூரு. அங்கே முகாம் சில பருவங்களில் மட்டும்தான் நடக்கும், போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சென்ட்ரலில் இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மைசூரு. வடக்கே ஹரியானாவின் நார்னௌலில் ஒரு தளம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே பனிமூட்டம் காலை நேரத்தை விழுங்கிவிடும். வெளிநாடு என்றால் தாய்லாந்தின் பட்டாயா, துபாய் இரண்டும் நம்மவர்கள் அதிகம் போகிற இடங்கள்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மைசூரு வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கத்து வானமே சரியில்லை. மைசூருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். எப்போது போனாலும் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். மேகமோ காற்றோ வந்தால் குதிப்பு நிற்கும். திரும்பும் ரயிலுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தோடு யாரும் விமானம் ஏறக்கூடாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: டேண்டம் பயிற்றுநருக்கு என்ன தகுதி? அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி அவருக்கு இந்த விளையாட்டில் குறைந்தது 3 வருட அனுபவமும் 500 குதிப்புகளும் இருக்க வேண்டும். ரிசர்வ் பாராசூட்டை, அதாவது முதன்மைப் பாராசூட் கைவிட்டால் திறக்கும் மாற்றுப் பாராசூட்டை, கடைசியாக எப்போது மடித்தார்கள்? ஆபத்தில் அதைத் தானாகத் திறக்கும் கருவி பொருத்தியிருக்கிறார்களா? வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடத்தில் குதிக்காதீர்கள்.

படி 4: மொட்டைமாடிப் பயிற்சி

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். வெயில் இறங்கியதும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

முதலில் வளைவு. குப்புறப் படுத்துக்கொண்டு இடுப்பைத் தரையில் அழுத்துங்கள். மார்பையும் தாடையையும் மேலே தூக்குங்கள். கைகளை முழங்கையில் மடக்கி, உள்ளங்கை தலைக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி விரியுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு அகற்றி, முழங்காலைப் பாதியளவு மடக்குங்கள். இப்போது இடுப்புதான் உடம்பின் தாழ்ந்த பகுதி. ஷட்டில்காக்கை எப்படி அடித்தாலும் அதன் கனமான பக்கம்தான் கீழே வரும் இல்லையா, அதே கணக்கு. இடுப்பை வளைத்தவர் வயிறு கீழே இருக்க நிலையாக விழுவார். உடம்பைச் சுருட்டியவர் உருளுவார். இந்த நிலையில் பத்து வினாடி இருந்து, தளர்ந்து, மறுபடி செய்யுங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு செய்தால் பயனில்லை; இடுப்பு மட்டும் அழுந்தி மற்றதெல்லாம் தளர்வாக இருக்க வேண்டும்.

டேண்டமில் வெளியேறும் நொடியில் இதே வளைவுதான். தலை பின்னால் சாய்ந்து பயிற்றுநரின் தோளில், கைகள் மார்புப் பட்டையில், கால்கள் பின்னால் மடங்கி. அவர் தோளில் தட்டியதும் கைகளை விரிக்கலாம்.

இரண்டாவது, இறங்கும் நிலை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தொடைக்கு அடியில் கைகொடுத்து, முழங்காலையும் பாதத்தையும் முன்னால் தூக்கி அப்படியே வைத்திருங்கள். டேண்டமில் பயிற்றுநர் காலூன்றுவதற்கு அல்லது இருவரும் உட்கார்ந்தபடி சறுக்கி நிற்பதற்கு உங்கள் கால்கள் வழியில் இருக்கக்கூடாது. கணுக்கால் அடிபடுவது பெரும்பாலும் காலை முன்கூட்டியே கீழே விட்டவர்களுக்குத்தான். அரை நிமிடம் தூக்கிவைக்க முடியாவிட்டால் வயிற்றுத் தசைக்குப் பயிற்சி தேவை என்று அர்த்தம்.

தனியாகக் குதிக்கப் போகிறவர்கள் விழும் முறையையும் பழக வேண்டும். இரு பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்க, தரை தொட்டதும் பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டுத் தசை என்று அடியை வரிசையாகப் பகிர்ந்துகொண்டு உருள வேண்டும். கையை ஊன்றக்கூடாது, மணிக்கட்டு போய்விடும். கபடி ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் பெரும்பாலும் கருங்கல் கொட்டிக்கிடப்பதால், மணல் உள்ள மைதானமாகப் பார்த்து நின்ற உயரத்திலிருந்தே பழகுங்கள். சுவரிலிருந்து குதித்துப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, கைப்பிடிகள். “விரியலன்னா?” என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முதுகில் இருப்பது ஒரு பாராசூட் இல்லை, இரண்டு. முதன்மைப் பாராசூட் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறக்க வேண்டும். வழக்கமான தனிக்குதிப்புக் கருவியில் வலது மார்பில் இருப்பது கழற்றிவிடும் கைப்பிடி, இடது மார்பில் இருப்பது ரிசர்வ். பழைய ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வலது பட்டையில் ஒரு சிவப்புத் துணியையும் இடது பட்டையில் வேறு நிறத் துணியையும் செருகுங்கள். முதலில் வளைவு, பிறகு வலதைப் பார், பிடி, இடதைப் பார், பிடி, வலதை இழு, இடதை இழு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். தளத்துக்குப் போனதும் அங்குள்ள கருவிக்கு ஏற்ற வரிசையைப் பயிற்றுநர் சொல்லித்தருவார். அவர் சொல்வதே இறுதி.

மாணவர்களும் ‘ஏ’ உரிமக்காரர்களும் 2,500 அடிக்குக் கீழே இறங்கும் முன் ரிசர்வா, முதன்மையா என்று முடிவெடுத்துவிட வேண்டும். மயங்கிப்போனாலோ உயரத்தை மறந்தாலோ என்ன ஆகும் என்றால், தானாகத் திறக்கும் கருவி இருக்கிறது. 1991இல் வந்த சைப்ரஸ் (CYPRES) என்ற கருவி இவற்றில் பெயர்பெற்றது. அதன் வழக்கமான மாடல், சுமார் 750 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருப்பதை உணர்ந்தால் ரிசர்வைத் திறந்துவிடும். அது கடைசித் துணை மட்டுமே. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

படி 5: காற்றைப் படியுங்கள்

இது வடசென்னையில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வசதி. மாலையில் மாடியில் நின்று மணலிப் பக்கம் புகைபோக்கியின் புகை எந்தத் திசையில் சாய்கிறது என்று பாருங்கள். அப்புறம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளின் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். பல நாட்களில் இரண்டும் ஒத்துப்போகாது. மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. கோடை நாளில் காலையில் மேற்கிலிருந்து வீசியது, மதியத்துக்கு மேல் கடற்காற்றாகத் திரும்பும் நேரத்தைக் குறித்துவையுங்கள். படகுக்காரர் யாரிடமாவது “அண்ணே, இன்னிக்கு வாடையா கச்சானா?” (வடக்குக் காற்றா, மேற்குக் காற்றா) என்று கேட்டால் அவர் வானத்தைப் பார்க்காமலே சொல்வார்.

பாராசூட்டை எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இறக்க வேண்டும், அப்போதுதான் தரையில் வேகம் குறையும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி, தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்குத் தரைக்காற்றின் வரம்பு மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் காத்திருக்க வேண்டியதுதான்.

படி 6: குதிக்கும் நாள்

இரண்டு இட்லி, கொஞ்சம் தண்ணீர். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். முதல் நாள் இரவு மது கூடவே கூடாது. டிராக் பேன்ட், உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட், கொக்கியில்லாத லேஸ் ஷூ. மோதிரம், சங்கிலி, கம்மல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். 10,000 அடியில் தரையைவிட ஏறக்குறைய 20 டிகிரி குளிர்ச்சி என்பதால் டி-ஷர்ட் முழுக்கை வைத்ததாக இருந்தால் நல்லது. மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கக் கேட்காதீர்கள். கேமரா மாட்டிக்கொள்ளவே 200 குதிப்புகளாவது ஆகட்டும் என்பது அனுபவசாலிகளின் பரிந்துரை.

தளத்தில் காத்திருப்பு நீளும். அங்கே சில பழக்கங்கள் உண்டு. தரையில் விரித்திருக்கும் பாராசூட் துணியைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. யாருடைய கைப்பிடியையும் தொடக்கூடாது. சின்ன செஸ்னா விமானத்துக்குப் பின்பக்கமாக மட்டுமே போக வேண்டும்; இன்ஜின் நின்றிருந்தாலும் முன்பக்கம் போகாதீர்கள். ஹார்னஸ் பூட்டுகளை மாட்டும்போது, ஏறும் முன், கதவு திறக்கும் முன் என மூன்று முறை சரிபார்ப்பார்கள். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு நீங்களும் பாருங்கள்.

விழும்போது அடிவயிறு கலங்கும் என்று பயப்படுகிறார்கள். விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் அந்த உணர்வு பெரும்பாலும் வருவதில்லை. முதல் 1,000 அடிக்கு 10 வினாடி, அதன்பின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடி என்று கணக்கு. 10,000 அடியில் குதித்து 5,500 அடியில் பாராசூட் திறந்தால் சுமார் அரை நிமிடம். 13,000 அடியிலிருந்து என்றால் முக்கால் நிமிடம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகக் காற்றில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் வாய்விட்டுக் கத்துங்கள். கத்தினால் மூச்சு வெளியே போகும், அடுத்தது தானாக உள்ளே வரும். பாராசூட் விரிந்ததும் எச்சில் விழுங்கிக் காதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 7: தொடர வேண்டும் என்று தோன்றினால்

உடனே ஏஎஃப்எஃப்புக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் ஹைதராபாத்துக்குப் போய் உள்ளரங்கக் காற்றுச் சுரங்கத்தில் சில நிமிடங்கள் மிதந்து பாருங்கள். அங்கே ஒரு நிமிடம் என்பது ஒரு முழுக் குதிப்பின் விழும் நேரத்தைவிட அதிகம். வளைவில் உள்ள குறையைப் பயிற்றுநர் அங்கேயே கையால் திருத்திவிடுவார். அதற்குப் பிறகு ஏஎஃப்எஃப் போனால் நிலைகளைத் திரும்பச் செய்யும் செலவு குறையும்.

சொந்தக் கருவியை உரிமம் வாங்கும்வரை வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது நம் ஊரின் உப்புக்காற்றும் வெயிலும். பாராசூட் துணி நைலான். வெயில் பட்டால் வலு குறையும். ஈரமானால் நிழலில், காற்றோட்டமான அறையில் விரித்துக் காயவையுங்கள், மாடியில் கொடிகட்டிக் காயப்போடக் கூடாது. பூட்டுகளிலும் வளையங்களிலும் துரு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். முதன்மைப் பாராசூட்டை மடிக்க நீங்களே பழகலாம். ரிசர்வை மட்டும் சான்றிதழ் பெற்ற ரிக்கரிடம் (பாராசூட்டைச் சோதித்து மடிக்கும் வல்லுநர்) கொடுங்கள். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து சோதித்து மறுபடி மடிக்க வேண்டும். அந்தத் தேதியை ரிசர்வோடு இருக்கும் அட்டையில் எழுதியிருப்பார்கள். வாடகைக்கு எடுத்த கருவியாக இருந்தாலும் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.