பயணத்தில் உருவப்படம்: காதில் அல்ல, கண்ணில் ஃபோகஸ் விழுவதற்கு

சென்ற ஆண்டுப் பயணம் ஒன்றில், படகுத்துறையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரை அவருடைய இசைவுடன் ஏறத்தாழ நாற்பது படங்கள் எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்த்தபோது ஒவ்வொன்றும் அருமையாகவே தெரிந்தது. வீடு திரும்பிக் கணினியில் முழு அளவில் திறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. காதோரத்து நரைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், சட்டைக் காலரின் தையல்கூடத் துல்லியமாக இருந்தது, ஆனால் கண்கள் மட்டும் புகை படிந்தாற்போல மங்கியிருந்தன. நாற்பதில் தேறியவை மூன்றே. மற்றவை ஏன் தவறின என்று ஆராய்ந்து, அதன் பிறகு சில மாதங்கள் பழகிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ ஆகியவை இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: லென்ஸும் தூரமும்

கேமராவோடு வரும் 18–55 மி.மீ லென்ஸ் ஒன்றும், 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். பயணத்துக்கு இவற்றுக்கு மேல் எதையும் நான் எடுத்துச் செல்வதில்லை. தூரத்தையும் கிட்டத்தையும் ஒன்றிலேயே அடக்கும் பெரிய ஜூம் லென்ஸ்களை இரண்டு பயணங்களில் சுமந்து பார்த்துவிட்டேன். அவற்றின் எடை கழுத்துக்குத் தெரிந்த அளவுக்கு அவற்றின் பயன் படத்தில் தெரியவில்லை. ஏ.பி.எஸ்-சி சென்சார் (பழைய 35 மி.மீ ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) உள்ள கேமராவில் 50 மி.மீ லென்ஸ், நிகான், சோனி என்றால் 75 மி.மீ போலவும், கேனான் என்றால் 80 மி.மீ போலவும் காட்சியைக் குறுக்கித் தரும். முகத்துக்கு இது நல்ல அளவு.

மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுவதற்கு அகலக் கோண லென்ஸைப் பலரும் குறை சொல்வார்கள். உண்மையில் முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம்தான். 18 மி.மீ லென்ஸில் முகம் படச்சட்டத்தை (ஃபிரேமை) நிரப்ப வேண்டுமானால் மிக நெருங்கிப் போக வேண்டியிருக்கும், அந்த நெருக்கமே முகத்தைக் குலைக்கிறது. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள்.

படி 2: முதலில் வெளிச்சம், பிறகு ஆள்

உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்தினால் கண்குழியில் நிழல் கட்டும், கண்ணும் இடுங்கும். அதோடு ஒரு கணக்கும் இருக்கிறது. நேர் வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/100 விநாடி வேண்டும் என்பது பழைய வாய்பாடு. அதையே எஃப் 1.8-க்கு மாற்றினால் 1/8000 விநாடியில் போய் நிற்கும். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் வேகம் 1/4000-உடன் முடிந்துவிடுவதால், அபர்ச்சரைச் சுருக்காவிட்டால் படம் வெளுத்துப்போகும்.

ஆகவே நிழலைத் தேடுங்கள். ஆனால் நிழலின் உள்ளே போய்விடாதீர்கள், அதன் ஓரத்தில் நில்லுங்கள். வாசற்படி, தாழ்வாரத்தின் விளிம்பு, வளைவுக்குக் கீழே ஓரடி உள்ளே என்று இப்படியான இடங்களில், திறந்த வெளியைப் பார்த்து முகம் இருந்தால் வானத்தின் வெளிச்சம் மென்மையாக வந்து விழும். யாரையும் அழைப்பதற்கு முன்னால் என் உள்ளங்கையை நீட்டி மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பேன். ரேகைகள் அழுத்தமாகத் தெரிந்தால் அந்த முகத்திலும் சுருக்கங்கள் அழுத்தமாகத் தெரியும், உள்ளங்கை சமமாக ஒளிர்ந்தால் அந்த இடத்தைத் தேர்ந்துவிடலாம். கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னவில்லை என்றால் முகவாயைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். மரநிழலில் மட்டும் கவனம் வேண்டும், இலைகளின் பச்சை தோலில் ஏறிவிடும்.

படி 3: அளவுகள்

அபர்ச்சர் முன்னுரிமை முறையை வைத்துக்கொண்டு, தானியங்கி ஐ.எஸ்.ஓ-வில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று குறித்துவிடுங்கள். அசையாமல் இருப்பவருக்கு 1/125 போதும் என்பார்கள். பேசிக்கொண்டே இருப்பவருக்கு அது போதவில்லை. கோப்பு வகை ரா (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும், பிறகு திருத்த வசதியான வகை).

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்க முயலும். முகத்துக்குப் பின்னே வெளிறிய வானம் நிறைந்திருந்தால் முகம் கறுத்துவிடும் என்பதால் வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1-க்கு ஏற்றுங்கள். சட்டத்தின் ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் புள்ளி அளவீட்டில் கருநிறத் தோலை மட்டும் அளந்தால் இதற்கு நேர்மாறாக நடந்து, தோல் தன் நிறமிழந்து வெளுக்கும். அப்போது −2/3 அளவுக்கு இறக்க வேண்டும். மனிதரின் நிறத்தை நிறமாகவே விட்டுவைப்பதுதான் நல்ல படம் என்பது என் கட்சி.

படி 4: ஃபோகஸ் (நான் சறுக்கிய இடம்)

அன்று நான் செய்தது இதுதான். நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு, கேமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்து, பிறகு முழுதும் அழுத்தினேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எஃப் 8-இல் அது நன்றாகவே வேலை செய்யும். எஃப் 1.8-இல் செய்யாது.

ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 மி.மீ லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 3 செ.மீ அளவுதான், அதாவது கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை செ.மீ. ஃபோகஸைப் பூட்டியபின் கேமராவை 10 பாகை திருப்பினால், கூர்மைத் தளமும் அதனோடு சாய்ந்து, அதே ஒன்றரை செ.மீ அளவுக்குக் கண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்போது கண் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் மூச்சு விட்டாலோ அவர் சிரித்துத் தலையை அசைத்தாலோ கூர்மை காதுக்குப் போய்விடும். எனக்கு நாற்பதில் முப்பத்தேழு இப்படித்தான் போயின.

முதலில் லென்ஸின் மேல்தான் சந்தேகப்பட்டேன். அளவுகோல் ஒன்றைச் சாய்வாக வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஒன்றும் லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகக் காட்சியைப் பார்த்து எடுக்கும் முறையில்) ஒன்றுமாக எடுத்து ஒப்பிட்டேன். இரண்டிலும் ஒரே கோடுதான் கூர்மையாக இருந்தது. உங்களுக்கு இரண்டும் வேறுபட்டால் கேமராவின் ஃபோகஸ் நுண்திருத்தத்தை (ஃபோகஸ் முன்பின் விலகுவதைச் சரிசெய்யும் அமைப்பை) பார்க்க வேண்டும். எனக்கோ குற்றவாளி நானேதான் என்று உறுதியாயிற்று.

சரியான முறை பின்வருமாறு. ஃபோகஸ் புள்ளியைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். முதலில் சட்டத்தை அமைத்துக்கொண்டு, பிறகு அந்தப் புள்ளியை நகர்த்தி உங்களுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் கொண்டுவாருங்கள். தொலைவிலுள்ள கண் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், அருகிலுள்ளது மங்கினால் பொறுக்கமாட்டார். ஆள் அசைந்தாலும் பின்தொடரும் தொடர் ஃபோகஸைப் போட்டுக்கொள்ளுங்கள், நிகான், சோனியில் அது ஏ.எஃப்-சி, கேனானில் சர்வோ. மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து எடுத்து, அந்த இடத்திலேயே பின்திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமைமுடி தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். முழுப் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டால் என் கதிதான்.

இதற்கும் மேலாக, எஃப் 1.8 உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அதிலேயே எடுக்க வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டரிலிருந்து எஃப் 2.8-இல் எடுத்தால் கூர்மையின் ஆழம் 10 செ.மீ அளவுக்கு விரியும். முகத்துக்கு அது போதும். பின்புலம் கரைய வேண்டுமென்றால் அபர்ச்சரைத் திறப்பதைவிட, ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் முன்னால் வரச் சொல்வது மேல்.

படி 5: இடமும் தெரிய வேண்டும்

முகத்தை மட்டும் எடுத்துவந்தால் எந்த ஊரில் எடுத்தோம் என்பதே நமக்கு மறந்துவிடும். அதனால் நெருங்கிய படம் கிடைத்ததும் 18–55 லென்ஸை மாட்டிக்கொண்டு, 24 மி.மீ பக்கம் வைத்து, எஃப் 5.6 அல்லது 8-இல் சில அடிகள் பின்வாங்கி, அவர் வேலை செய்யும் இடத்தோடு சேர்த்து எடுங்கள். சட்டத்தின் ஓரத்தில் ஆளை வைக்க வேண்டாம், அகலக் கோணத்தில் ஓரங்கள் இழுபடும். அடிவானக் கோடோ கம்பமோ அவர் கழுத்தையும் தலையையும் வெட்டாதபடி அரையடி நகர்ந்துகொண்டால் போதும்.

இசைவு கேட்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை: கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

ரா கோப்புகளைத் திருத்த நான் பயன்படுத்துவது இலவச மென்பொருளான டார்க்டேபிள். முதல் வாரம் தலைசுற்றும், பிறகு விட மனம் வராது. தோலை வழவழப்பாக்கும் கருவிகளை நான் தொடுவதே இல்லை.

பிற்சேர்க்கை: கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் வசதியுள்ள மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமராவுக்கு இவ்வளவு பாடு தேவையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். புள்ளியை நகர்த்தும் வேலை மிச்சம்தான். ஆனால் மூக்குக்கண்ணாடி அணிந்தவரிடம் அது சில வேளைகளில் கண்ணை விட்டுக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதால், பெரிதாக்கிப் பார்க்கும் வழக்கத்தை விடாதீர்கள். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால், முகவாயைச் சிறிது தாழ்த்தச் சொல்லலாம், அல்லது காதின் மேலிருக்கும் கண்ணாடிக் காம்புகளை அரை விரற்கடை உயர்த்தி வைக்கச் சொல்லலாம்.

இன்னொன்று, கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறை. அது பின்புலத்தைக் கணக்கிட்டு மங்கலாக்குவதால், காற்றில் பறக்கும் முடியையும் கண்ணாடிக் காம்பையும் பின்புலத்தோடு சேர்த்து அழித்துவிடுவது உண்டு. 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறி, பின்புலம் எளிமையாக உள்ள இடத்தில் எடுத்தால் இந்தக் குறை வெகுவாகக் குறையும். படி 2 அதற்கும் அப்படியே பொருந்தும்.