துர்கானா ஃபீல்டு ஸ்கூலுக்கு கிளம்புறீங்களா? பேர்ல இனிஷியல் இருந்தா முதல்ல இத படிங்க

கென்யாவோட வடமேற்குல, துர்கானா ஏரிப் பக்கம் ஒரு செமஸ்டர் இருந்து படிச்சிட்டு வந்தேன். ஸ்டோனி புரூக் யுனிவர்சிட்டியும் துர்கானா பேசின் இன்ஸ்டிட்யூட்டும் நடத்துற ஆரிஜின்ஸ் ஃபீல்டு ஸ்கூல். இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிச்சது ஆதிமனித புதைபடிவங்கள தேடுன கென்யா விஞ்ஞானி ரிச்சர்ட் லீக்கி. சூழலியல், நிலவியல், புதைபடிவம், மனித பரிணாமம், தொல்லியல்னு அஞ்சு பாடம். இப்ப ஜூனியர் பசங்க நிறைய பேர் எப்படி போறதுன்னு கேக்குறாங்க, அதான் வரிசையா எழுதிடுறேன்.

1. ப்ரோக்ராம் தேர்வு. ஆப்பிரிக்கான்னு பொதுவா தேடாதீங்க, எதை படிக்கணும்னு முடிவு பண்ணிட்டு தேடுங்க. காட்டு விலங்கு தான் ஆசைன்னா தான்சானியாவுல ஸ்கூல் ஃபார் ஃபீல்டு ஸ்டடீஸ், தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் ஓடிஎஸ் (ஆர்கனைசேஷன் ஃபார் டிராபிகல் ஸ்டடீஸ்) ரெண்டையும் பாருங்க. ஒரு மாசம் தனியா சொந்த ஆராய்ச்சி பண்ணணும்னா எஸ்ஐடி (ஸ்கூல் ஃபார் இன்டர்நேஷனல் டிரெய்னிங்). எலும்பும் கல்லும் தான்னா துர்கானா, அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

2. கிரெடிட். சிலபஸ வாங்கி உங்க டிபார்ட்மென்ட்ல முன்னாடியே கையெழுத்து வாங்கிடுங்க. திரும்பி வந்து பாத்துக்கலாம்னு விடாதீங்க.

3. பேர். இதுல தான் நான் மாட்டுனேன், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து, அவ்ளோதான். ஆனா பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேம்னு உக்காந்திருக்கும், சில பேருக்கு அந்த இடமே காலியா இருக்கும். டிக்கெட்ல ஒரு மாதிரி, காலேஜ் சர்டிஃபிகேட்ல இன்னொரு மாதிரி.

நான் மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி போட்டப்ப வழக்கமா சொல்ற மாதிரி இனிஷியலோட பேரச் சொன்னேன், ஊசி போட்டதுக்கு சான்றா தர்ற மஞ்ச கார்டுல அப்படியே எழுதிட்டாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அம்மா தான் பாஸ்போர்ட்டையும் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு, "ஏண்டி, இதுல அப்பா பேரு ஒத்த எழுத்தா இருக்கே, விடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. பேனாவால மேல எழுதிக்கலாமான்னு நினைச்சேன், நல்லவேளை எழுதல. அந்த கார்டுல அடிச்சு திருத்துனா செல்லாமப் போயிடலாம்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. மறுபடி போய் புது கார்டு வாங்குற வரைக்கும் ராத்திரி தூக்கமே வரல. அதனால ஊசிக்குப் போறப்ப பாஸ்போர்ட்ட கையில கொண்டு போங்க, எழுதுறவங்க முன்னாடி திறந்து வைங்க, ஒவ்வொரு எழுத்தா சரி பாத்துட்டு தான் அங்கிருந்து நகரணும்.

4. ஊசியும் மாத்திரையும். அங்கீகாரம் உள்ள மையத்துல மட்டும் போடுங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சு தான் கார்டு செல்லும், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் போதும். இந்தியாவுல இருந்து கென்யாவுக்கு நேரா போறப்ப இது எதுக்குன்னு கேப்பீங்க. திரும்பி வர்றப்ப நம்ம ஏர்போர்ட்ல கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா வெச்சிடலாம். மலேரியாவுக்கு டாக்டர்கிட்ட பேசுங்க. எனக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தாங்க, அதுல வெயில் சீக்கிரம் சுட்டுடும், துர்கானா வெயில்ல தொப்பியும் முழுக்கை சட்டையும் இல்லாம வெளிய வராதீங்க. வெறும் வயித்துல போடக் கூடாது, போட்டுட்டு உடனே படுக்கவும் கூடாது.

5. அனுமதி. 2024 ஜனவரில இருந்து கென்யாவுக்கு பழைய விசா போய் ஆன்லைன்ல இடிஏ (கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்குற பயண அனுமதி) வந்துடுச்சு. 90 நாளுக்கு மேல தங்குறதுன்னா வேற பாஸ் வேணும், ப்ரோக்ராம் ஆபீஸ்லயே கேட்டுடுங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற அதே எழுத்து தான் இதுலயும்.

6. பை. நைரோபில இருந்து வடக்க போற சின்ன விமானத்துல பொதுவா 15 கிலோ தான், அதுவும் சக்கரம் வெச்ச பெட்டி வேணாம், துணிப் பை. பாலிதீன் கவர்ல எதையும் சுத்தாதீங்க, கென்யாவுல 2017ல இருந்து கேரி பேக் தடை, பொடி வகையெல்லாம் டப்பாவுல போட்டு எடுத்துட்டு போங்க. ஷூ கெட்டியான அடியா இருக்கணும், அங்க இருக்கிற வேல முள்ளு சாதா ரப்பர் அடியில ஏறிடும். காலையில ஷூவ கவுத்து தட்டிட்டு தான் போடணும், தேள் இருக்கும். நோட்டுல எழுத பென்சில் தான், வேர்வைக்கு பேனா மை பரவி நான் ஒரு பக்கத்தையே இழந்தேன்.

7. தரைய பாக்குறது. எல்லாரும் தோளோட தோளா ஒரே வரிசையில நின்னு மெதுவா நகருவோம். எலும்பும் கல்லும் ஒரே நிறம், மூணு நாளைக்கு எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்த, அந்த ஊர் துர்கானா இனத்து அண்ணன் ஒருத்தர் குனிஞ்சு என் கால்கிட்ட விரல நீட்டினார், நகம் அளவு ஒரு துண்டு, உடைஞ்ச ஓரத்துல மட்டும் ஸ்பாஞ்ச் மாதிரி பொடிப் பொடி ஓட்டை. எலும்புக்குள்ள இருக்கிற அந்த ஓட்டைய ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் கண்ணு தானா தேடும். கிடைச்சா எடுக்காதீங்க, கொடி நட்டுட்டு கூப்பிடுங்க, எந்த இடத்துல எப்படி கிடந்துச்சுங்கிறது தான் அதோட பாதி விஷயம். 1984ல ஏரிக்கு மேற்கு பக்கம் நரியோகொடோமேல, 'துர்கானா பையன்'னு சொல்ற ஆதிமனித சிறுவன் எலும்புக்கூட்டோட முதல் துண்ட கண்டுபிடிச்சது கென்யாக்காரர் கமோயா கிமேயு, பட்டம் எதுவும் இல்லாம களத்துலயே கத்துக்கிட்டவர். சின்ன மண்டை ஓட்டுத் துண்டு, சுத்தி இருந்த கூழாங்கல்லோட நிறத்துலயே கிடந்துச்சாம். அங்க உள்ளூர் ஆளுங்க பக்கத்துலயே நடங்க, நான் கத்துக்கிட்டதுல பாதி அவங்ககிட்ட தான்.

அப்டேட்: சர்நேம் இடமே காலின்னா என்ன பண்றதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸ்கிட்ட கேளுங்க, அவங்க சொன்னத மெயில்ல வாங்கி பிரிண்ட் போட்டு வெச்சுக்கங்க. இன்னொருத்தர் ஊருக்கு வந்ததும் டாக்ஸிசைக்ளின நிறுத்திட்டேன்னு எழுதியிருந்தாங்க. நிறுத்தாதீங்க, திரும்பி வந்தப்புறமும் 4 வாரம் போடணும்.