ஒன்பது கட்டளை, ஒரு லூப்: பேக்எண்டைச் செதுக்குவது எப்படி

எங்கள் கம்பைலரின் பேக்எண்டை (கடைசியில் சிப்புக்கான கட்டளைகளை உருவாக்கும் பகுதியை) எழுதியவர் வேலை மாறிப் போனதும் அது என் தலையில் வந்து விழுந்தது. சி மாதிரியான ஒரு சின்ன மொழி. ஓட வேண்டியது ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு கொண்ட 64 பிட் சிப்பில். கோடு சரியாகத்தான் ஓடியது, ஆனால் ஆமை வேகம். நான் உடனே செய்தது பலரும் செய்கிற தப்பு: கட்டளைத் தேர்வு (இன்ஸ்ட்ரக்‌ஷன் செலக்‌ஷன்) பகுதியைத் திறந்து, 'இந்த உருவில் கணக்கு வந்தால் இந்தக் கட்டளை' என்று புதுப்புது பேட்டர்ன்களாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் நாற்பது சேர்ந்தன. வேகம் இம்மியும் நகரவில்லை.

வீணான கட்டளை கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறக்கிற இடம் வேறு என்பது அப்புறம்தான் உறைத்தது. பிறந்த இடத்தைத் தேடிப் போவதுதான் வேலையில் முக்கால் பங்கு. அதை ஒரே ஒரு லூப்பை வைத்துச் சொல்கிறேன்.

அசெம்பிளியைப் பேப்பரில் எடுங்கள்

முழு புரோகிராமையும் பார்க்காதீர்கள். எந்த லூப்பில் நேரம் கரைகிறது என்று புரொஃபைலரில் பார்த்து, அதன் அசெம்பிளியை மட்டும் அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். என்னுடைய லூப், 32 பிட் முழு எண்கள் கொண்ட ஓர் அர்ரேயின் கூட்டுத்தொகை. பள்ளிப் பிள்ளை எழுதுகிற லூப். எங்கள் கம்பைலர் அதற்குத் தந்தது இது, கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கே என்பது லூப்பின் எண்ணி. டி0, டி1, டி2 தற்காலிக ரெஜிஸ்டர்கள், அதாவது சிப்புக்குள் மதிப்பை வைக்கும் இடங்கள். சைன் எக்ஸ்டெண்ட் என்றால் 32 பிட் எண்ணின் குறி பிட்டை மேல் 32 பிட்டுகளிலும் நிரப்பி 64 பிட்டாக்குவது:

1. கே-யை சைன் எக்ஸ்டெண்ட் செய்து டி0-வில் வை
2. டி0-வை இடப்பக்கம் 2 பிட் நகர்த்து
3. டி0-வோடு அர்ரேயின் தொடக்க முகவரியைக் கூட்டு
4. டி0 காட்டும் இடத்திலிருந்து 4 பைட்டை டி1-க்கு லோடு செய்
5. டி1-ஐ சைன் எக்ஸ்டெண்ட் செய்
6. மொத்தத்தோடு டி1-ஐ 32 பிட்டாகக் கூட்டு
7. கே-யோடு 1-ஐ 32 பிட்டாகக் கூட்டு
8. கே-யை சைன் எக்ஸ்டெண்ட் செய்து டி2-வில் வை
9. டி2 எல்லையைவிடச் சிறியதானால் 1-க்குத் தாவு

ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்த வரியை அடித்துவிட்டால் விடை மாறுமா? 5-ஐ எடுங்கள். ரிஸ்க்-ஃபைவில் 4 பைட் லோடு செய்யும் சாதாரணக் கட்டளையே மேல் 32 பிட்டுகளைக் குறி பிட்டைக் கொண்டு நிரப்பித்தான் தருகிறது. ஆக 5 வீண். 7-இல் உள்ள 32 பிட் கூட்டலும் விடையை சைன் எக்ஸ்டெண்ட் செய்தே தருகிறது. ஆக 8-உம் வீண். அடுத்த சுற்றுக்கு வரும் கே அதே 7-இல் இருந்துதான் வருகிறது என்பதால் 1-உம் வீண். மூன்று வரிகளை அடித்தேன். மிச்சம் ஆறு.

சரி, இந்த மூன்றும் எங்கே பிறந்தன?

ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் உள்ளே இருப்பதை அச்சிட்டுப் பாருங்கள். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பை வைத்து வேலை செய்பவர்களுக்கு 'பிரின்ட்-ஆஃப்டர்-ஆல்' என்ற வசதி இருக்கிறது. சொந்தமாக எழுதும் கம்பைலரில் இது இல்லையென்றால், வேறு எதையும் தொடுமுன் அதை எழுதுங்கள். அரை நாள் வேலைதான், ஆயுசுக்கும் உதவும்.

நான் பார்த்ததில், ஃப்ரண்ட்எண்ட் (மூலக் கோடைப் படிக்கும் முன்பகுதி) 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சைன் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிடுகிறது. அதில் தப்பில்லை, அதன் வேலை அது. கட்டளைத் தேர்வுக் கட்டத்தில் 5 மட்டும் போய்விட வேண்டும். லோடும் அதன் எக்ஸ்டென்ஷனும் ஒரே எக்ஸ்பிரஷன் மரத்தில் (கணக்கைக் கிளைகளாக வைக்கும் வடிவத்தில்) இருப்பதால் ஒரு பேட்டர்ன் போதும். 1-உம் 8-உம் அப்படிப் போகாது. எங்கள் செலக்டர் (கட்டளைத் தேர்வுப் பகுதி) ஒவ்வொரு பேசிக் பிளாக்கையும் (நடுவில் தாவல் இல்லாத கட்டளைத் துண்டையும்) தனித்தனியாகப் பார்க்கிறது, எல்எல்விஎம்மின் செலக்‌ஷன்டாக்கும் அப்படித்தான். லூப்பின் தலையில் கே ஒரு ஃபை வழியாக, அதாவது வந்த பாதைக்கு ஏற்ப மதிப்பைத் தேர்ந்துகொள்ளும் கணு வழியாக வருகிறது. பிளாக்குக்குள்ளிருந்து பார்க்கிறவருக்கு அது 'எங்கிருந்தோ வந்த ரெஜிஸ்டர்', அவ்வளவே. மேல் பிட்டுகளில் என்ன இருக்கிறது என்ற தகவல் வாசலிலேயே தொலைந்துவிடுகிறது. நாற்பது இல்லை, நானூறு பேட்டர்ன் எழுதினாலும் தொலைந்த தகவல் திரும்பாது. (8-ஆவது, கே-யின் கூட்டலுக்கு அடுத்தே இருந்தும் போகவில்லை. எங்கள் ஃப்ரண்ட்எண்ட் லூப்பின் சோதனையைத் தனி பிளாக்கில் வைத்திருந்தது.)

மருந்து: கட்டளைத் தேர்வு முடிந்த பிறகு, ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டுக்கு முன், முழு ஃபங்ஷனையும் ஒருமுறை அலசும் ஒரு சின்ன கட்டம், அதாவது பாஸ். ஒவ்வொரு சைன் எக்ஸ்டென்ஷனுக்கும் அதன் உள்ளீடு எங்கே உருவானது என்று பின்னோக்கி நடங்கள். உருவாக்கியது 32 பிட் கூட்டலா, 4 பைட் சைன்ட் லோடா, ஒப்பீட்டுக் கட்டளையா? அப்படியானால் எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. ஃபங்ஷனுக்கு வரும் 32 பிட் ஆர்குமெண்டா? ரிஸ்க்-ஃபைவ் 64-இன் அழைப்பு மரபுப்படி (ஃபங்ஷன்கள் மதிப்புகளைக் கொடுத்து வாங்கும் விதிப்படி) அது சைன் எக்ஸ்டெண்ட் ஆகியே வருகிறது, அன்சைன்ட் (குறியில்லாத எண்) ஆனாலும்கூட. ஃபை வந்தால் அதன் எல்லா உள்ளீடுகளையும் பாருங்கள்.

இங்கேதான் நான் தடுக்கினேன். லூப்பில் கே-யின் ஃபையைப் பின்தொடர்ந்தால், நகல் செய்யும் கட்டளைகள், மற்ற ஃபைகள் வழியே சுற்றிச் சுற்றி அதே ஃபைக்கே வந்து நிற்க வாய்ப்பு உண்டு. 'ஏற்கெனவே பார்த்தது, தெரியாது' என்று பதில் சொன்னால் அந்த மாதிரி லூப்பில் ஒரு எக்ஸ்டென்ஷனும் போகாது. 'ஏற்கெனவே பார்த்தது, சரியென்றே வைத்துக்கொள்வோம்' என்று சொல்ல வேண்டும். மற்ற வழிகளில் ஒன்றாவது பொய்த்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுகிறோம் என்பதால் இந்த நம்பிக்கை ஆபத்தில்லை. எல்எல்விஎம்மின் ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டிலும் இதே வேலைக்கென்று ஒரு பாஸ் இருக்கிறது.

இனிதான் பேட்டர்ன்

பேட்டர்ன் பொருத்துவதை, மேஸ்திரி தரைக்கு டைல்ஸ் பதிப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஷன் மரம்தான் தரை, ஒவ்வொரு கட்டளையும் ஒரு டைல். மரத்தின் உச்சியில் தொடங்கி, பொருந்துகிற மிகப் பெரிய டைலை வைத்துவிட்டு, மிச்சத்துக்கு அடுத்த டைல். இந்தப் பேராசை முறை எல்லா நேரமும் மிகக் குறைந்த செலவைத் தராது. ஆஹோவும் ஜான்சனும் 1976-இலேயே டைனமிக் புரோகிராமிங் வைத்து, மரங்களுக்கு உகந்த தேர்வைக் கண்டுபிடிக்க வழி சொல்லிவிட்டார்கள். என் அபிப்பிராயம்: ரிஸ்க்-ஃபைவுக்கு அவ்வளவு தேவையில்லை. டைல்கள் எல்லாம் சின்னவை, பேராசையே போதும். முகவரிமுறைகள் மலிந்த எக்ஸ்86 மாதிரி இயந்திரத்துக்குச் செலவுக் கணக்கு போடுவது வீண்போகாது.

எங்கள் ஆறு கட்டளைகளில் 2-உம் 3-உம் சேர்ந்து 'நகர்த்திக் கூட்டு'. 2021-இல் உறுதிசெய்யப்பட்ட, ரிஸ்க்-ஃபைவின் இசட்பிஏ நீட்டிப்பில் (சிப்பில் விருப்பப்படி சேர்க்கும் கூடுதல் கட்டளைகளில்) இதற்கு ஒரே கட்டளை உண்டு. 1, 2 அல்லது 3 பிட் நகர்த்திக் கூட்டும். பேட்டர்னைச் சேர்த்தேன், ஆறு ஐந்தானது. ஆனால் எல்லா சிப்பிலும் இசட்பிஏ கிடையாது. இல்லாத போர்டில் இந்தக் கட்டளை வந்தால் புரோகிராம் அங்கேயே செத்துவிழும். எனவே ஒவ்வொரு பேட்டர்னின் வாசலிலும் 'இந்த நீட்டிப்பு உண்டா' என்ற சோதனை அவசியம்.

பேட்டர்ன் சரியாக இருந்தும் பொருந்தவில்லையென்றால், மரத்தின் உருவத்தைச் சந்தேகப்படுங்கள். கூட்டலின் இடம், வலம் மாறியிருக்கலாம். நான்கால் பெருக்குவது ஒரு இடத்தில் பெருக்கலாகவும் இன்னொரு இடத்தில் நகர்த்தலாகவும் இருக்கலாம். என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது வேறு: இரண்டு எண்களிலும் ஒரே இடத்தில் 1 இல்லை என்று தெரிந்தால், ஆப்டிமைசர் கூட்டலை 'ஆர்' (பிட் வாரியான 'அல்லது') ஆக மாற்றிவிடும். 8 பைட் எல்லையில் நிற்கும் முகவரியோடு 4-ஐக் கூட்டினாலும் ஆர் செய்தாலும் ஒரே விடைதான். ஆனால் கூட்டலை மட்டும் தேடுகிற முகவரி பேட்டர்னுக்கு அது கண்ணில் படாது. பிட்டுகள் மோதாத ஆர்-ஐயும் கூட்டலாகவே எண்ணச் சொன்னேன், நிறைய இடங்களில் ஒரு கட்டளை உதிர்ந்தது.

'ஒரு கணுவுக்கு ஒரே ஒரு பயன் இருந்தால்தான் அதை மடிக்க வேண்டும்', அதாவது வேறொரு கட்டளைக்குள் சேர்க்க வேண்டும் என்று பாடமாகச் சொல்வார்கள். அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். ஒரே கே-யை வைத்து இரண்டு அர்ரேக்களைத் தொடும்போது, நகர்த்தலை ஒருமுறை செய்து இரண்டு கூட்டல் போட்டால் மூன்று கட்டளை. நகர்த்திக் கூட்டும் கட்டளை இரண்டு போட்டால் இரண்டே. இங்கே மடிப்பதுதான் லாபம். அதே சமயம், ஒரு பாயிண்டரோடு 8 கூட்டி வந்த மதிப்பு லோடுக்கும் வேறொரு கணக்கிற்கும் போகிறதென்றால், அதை லோடின் ஆஃப்செட்டில் (முகவரியோடு கூட்டும் மாறிலியில்) மடித்தாலும் கூட்டல் போகாது. பழைய பாயிண்டரும் புதியதும் இரண்டுமே உயிரோடு இருக்க வேண்டியதாகி, ஒரு ரெஜிஸ்டர் கூடுதலாகப் பிடிக்கும். பயன் எத்தனை என்று மட்டும் எண்ணாமல், மடித்த பிறகு மூலக் கணக்கு சாகிறதா என்று பாருங்கள்.

மாறிலிகள்

ரிஸ்க்-ஃபைவின் கூட்டல், லோடு மாதிரி கட்டளைகளுக்குள் அடங்கும் மாறிலி 12 பிட், சைன்ட். அதாவது -2048 முதல் 2047 வரை. ஆஃப்செட் மடிப்பில் '12 பிட்தானே' என்று 4096-க்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டேன். அசெம்பிளர் வழியே போயிருந்தால் அது கத்தியிருக்கும். நாங்கள் நேரடியாக பைனரி எழுதுகிறோம், கத்த ஆளில்லை. ஒரு பெரிய ஸ்ட்ரக்ட்டின் 2048-ஆவது பைட்டைக் கேட்டால், அது -2048 ஆகி, சரியாக 4096 பைட் முன்னால் இருக்கும் குப்பையை எடுத்துக்கொடுத்தது. இரண்டு ராத்திரி போனது.

இதே எல்லையில் லாபமும் உண்டு. ஒரு ரெஜிஸ்டரோடு 2048-ஐக் கூட்ட, மாறிலியைத் தனியாக உருவாக்க இரண்டு கட்டளை, கூட்ட ஒன்று, மொத்தம் மூன்று. அதற்குப் பதில் 2047 கூட்டி, 1 கூட்டுங்கள். இரண்டே கட்டளை, கூடுதல் ரெஜிஸ்டரும் வேண்டாம். -4096 முதல் 4094 வரை இந்த வித்தை செல்லும். கீழ் 16 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ள 65535-ஐ உருவாக்கி 'ஆண்ட்' போடுவதைவிட, 48 பிட் இடப்பக்கம், 48 பிட் வலப்பக்கம் நகர்த்துவது ஒரு கட்டளை குறைவு. மாறிலியால் வகுத்தால் வகுத்தல் கட்டளையே வேண்டாம்: 32 பிட் அன்சைன்ட் எண்ணை 10-ஆல் வகுக்க, 3435973837-ஆல் 64 பிட்டில் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் நகர்த்தினால் போதும். கிரான்லண்ட், மான்ட்கோமரி இருவரும் 1994-இல் இதன் பொதுமுறையை எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன் எண்ணின் மேல் 32 பிட்டுகளைச் சுழியமாக்க மறக்காதீர்கள், மேலே சொன்ன அழைப்பு மரபு இங்கே காலை வாரும்.

ஐந்திலிருந்து நான்கு

கடைசிக் கட்டளை பேட்டர்னால் போகவில்லை. செலக்டருக்கு முன்னாலேயே, கே-யைத் தூக்கிவிட்டு பாயிண்டரையே நாலு நாலு பைட்டாக நகர்த்தும்படி லூப்பை மாற்றினேன். முடிவு முகவரியை லூப்புக்கு வெளியே ஒருமுறை கணக்கிட்டால் போதும். லோடு, பாயிண்டரோடு 4, மொத்தத்தோடு கூட்டல், தாவல். நான்கே. இசட்பிஏ கட்டளைக்கு இங்கே வேலையே இல்லை. அதற்காக ஒரு நாள் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

வரிசையைக் கவனித்தீர்களா? லோடுக்கு அடுத்து உடனே கூட்டலை வைக்காமல், நடுவில் பாயிண்டர் நகர்த்தலைச் செருகியிருக்கிறேன். வரிசைப்படி ஓடும் சின்ன கோர்களில் லோடின் விடையை அடுத்த கட்டளையே கேட்டால் பைப்லைன் காத்து நிற்கும். அந்த இடைவெளியை வேறு வேலையால் நிரப்புவது ஷெட்யூலரின் பொறுப்பு.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் செல்லாது. சி-யில் சைன்ட் எண் நிரம்பி வழிவது வரையறைக்கு வெளியே என்பதால் கே-யை 64 பிட்டாக அகலப்படுத்தலாம். கே அன்சைன்ட் 32 பிட் என்றால், சுழன்று 0-க்கு வருவது சட்டப்படி சரியான நடத்தை. அது நடக்காது என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் மேல் பிட்டுகளைச் சுழியமாக்கியே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் இசட்பிஏ மறுபடி கைகொடுக்கிறது. சுழியமாக்கி, நகர்த்தி, கூட்டுவதை ஒரே கட்டளையில் செய்யும் வகையும் அதில் இருக்கிறது. எக்ஸ்86-இல் கதையே வேறு. தொடக்கம், குறியெண், பெருக்கம் எல்லாம் லோடுக்குள்ளேயே அடங்கும். அங்கே மூன்று அர்ரேக்கு மூன்று பாயிண்டர் ஓட்டினால் நஷ்டம்.

சோதனை

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன், அதற்கு எதிர்பார்க்கும் அசெம்பிளி, இரண்டையும் ரெபோவில் போடுங்கள். அடுத்தவர் எதையோ தொட்டு ஐந்தாவது கட்டளை திரும்பி வந்தால் அன்றே தெரியும். விடையின் சரித்தன்மைக்கு அது போதாது. சீரற்ற புரோகிராம்களை உருவாக்கி, ஆப்டிமைசேஷனோடும் இல்லாமலும் கியூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். சி-க்கு இந்த வேலையைச் செய்யும் சிஸ்மித் என்ற கருவி யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எங்கள் மொழிக்கு இருநூறு வரியில் நானே ஒன்று எழுதினேன். முதல் ராத்திரியிலேயே மூன்று பிழைகளைப் பிடித்தது. கியூஎம்யூ சொல்வது விடையைத்தான், வேகத்தை இல்லை. வேகத்துக்கு நிஜ போர்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

சீரற்ற எண்களோடு இவற்றையும் கையால் சேர்த்துவிடுங்கள்: -4097, -4096, -2049, -2048, -1, 0, 2047, 2048, 4094, 4095. என் ஸ்ட்ரக்ட் பிழை இந்தப் பட்டியலில் எட்டாவது எண்.