ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் உள்ள பசங்களுக்கு கதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கறது எப்படி

லீவு விட்டா போதும், "மிஸ், பையன் போனை கீழயே வைக்க மாட்டேங்கிறான், நல்ல புக்கா ஏதாவது சொல்லுங்க"ன்னு பேரண்ட்ஸ் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. நான் உடனே பேர் சொல்ல மாட்டேன், திருப்பி ரெண்டு கேள்வி கேப்பேன்: அவன் கடைசியா எந்தக் கதையை முழுசா முடிச்சான், எதைப் பத்தி கேட்டா நிறுத்தாம பேசுவான். இது தெரியாம வாங்கிக் கொடுக்கற புத்தகம் அலமாரிக்குத்தான் போகும். வயசு, அவார்டு, விலை எல்லாம் அப்புறம், முதல்ல அந்தப் பிள்ளையைப் பாக்கணும், புத்தகத்தை நாமளும் படிச்சிருக்கணும். நான் இங்கிலீஷ் எடுக்கிறேன், சமீபத்துல ரசிச்சுப் படிச்சதுல இருந்தே உதாரணம் சொல்றேன், வீட்லயும் கிளாஸ்லயும் இதே வழிய பிடிச்சுக்கலாம்.

முதல்ல நீங்க படிங்க

இங்கிலீஷ்ல பதிப்பாளர்ங்க மிடில் கிரேட்னு போடறது சுமாரா எட்டுல இருந்து பன்னெண்டு வயசுக்கு, யங் அடல்ட்னு போடறது பன்னெண்டுக்கு மேல பதினெட்டு வரைக்கும். ஆனா நம்ம பசங்களுக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி, அதனால அந்த லேபிள அப்படியே நம்பாதீங்க, எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு பத்து வயசுக்குன்னு போட்ட புத்தகத்தை சந்தோஷமா படிப்பா, அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. மிடில் கிரேட் நாவல் பெரியவங்களுக்கு ரெண்டு மூணு சாயங்காலத்துல முடிஞ்சிடும். படிக்கும்போது மூணு விஷயம் கவனிங்க. முதல் பத்து பக்கத்துக்குள்ள ஏதாவது நடக்குதா, எந்த இடத்துல நிறுத்தினா கேக்கறவங்க துடிப்பாங்க, சாவு, அடிதடி, குடி மாதிரி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஏதாவது இருக்கா. அந்தந்தப் பக்கத்துல சின்ன துண்டுச்சீட்டு வச்சிடுங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

படிக்கவே பிடிக்காதுங்கிற பசங்களுக்கு

இவங்களுக்குத்தான் நான் ரொம்ப மெனக்கெடுவேன். குண்டு புத்தகத்தைப் பார்த்தாலே மூஞ்சி சுருங்கிடும், இவங்ககிட்ட கவிதை வடிவ நாவலைக் கொடுங்க. பக்கத்துக்கு இருபது வரி கூட இருக்காது, சுத்தி வெள்ளையா இடம், சரசரன்னு பக்கம் திரும்பும், அரை மணி நேரத்துல அறுபது பக்கம் முடிச்சிட்டேன்னு அவங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், அந்த ஒரு நம்பிக்கை வந்துட்டா அடுத்த புத்தகத்துக்கு நாம கெஞ்ச வேண்டியதில்ல.

க்வாமே அலெக்சாண்டர் எழுதின த க்ராஸ்ஓவர் 2015ல நியூபெரி மெடல், அதாவது அமெரிக்காவுல சிறுவர் புத்தகத்துக்குக் கொடுக்கற பெரிய விருது, வாங்கினது, பாஸ்கெட்பால் ஆடற இரட்டைப் பசங்க கதை. புத்தகமே ஒரு மேட்ச் மாதிரி வார்ம்-அப், நாலு குவார்ட்டர், கடைசியில ஓவர்டைம்னு பிரிஞ்சிருக்கும். அப்பா பழைய ஆட்டக்காரர், உடம்பு முடியலன்னாலும் டாக்டர்கிட்ட போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறவர். கிரவுண்டுலயே குடியிருக்கிற பசங்ககிட்ட நான் முதல்ல நீட்டறது இதத்தான். பாஸ்கெட்பால் தெரியணும்னு அவசியம் இல்ல, கிரிக்கெட் ஆடறவனுக்கும் அந்த வேகம் புரியும்.

கொஞ்சம் பெரிய பசங்க, ஒன்பது பத்து படிக்கிறவங்கன்னா ஜேசன் ரெனால்ட்ஸோட லாங் வே டவுன், 2017ல வந்தது. அண்ணனை யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க, பதினஞ்சு வயசு வில் பழிவாங்கறதுக்கு அண்ணனோட துப்பாக்கியை இடுப்புல சொருகிட்டு லிஃப்ட்ல ஏறறான். அழக்கூடாது, யாரையும் காட்டிக் கொடுக்கக்கூடாது, பழிவாங்கணும், இதுதான் அவன் வளர்ந்த தெருவோட விதி. லிஃப்ட் ஏழாவது மாடியில நிக்குது, ஒருத்தன் ஏறறான், யாருன்னு பார்த்தா அண்ணனுக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தவன், அவன் செத்துப் பல நாள் ஆச்சு. அப்புறம் ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் நிக்கும், ஒவ்வொருத்தரா ஏறுவாங்க. கீழ போய்ச் சேர்ற அந்த ஒரு நிமிஷம்தான் மொத்தக் கதையும். இத வாசிச்சுக் காட்டினா அந்த ஏழாவது மாடியில நிறுத்திடுங்க, மிச்சத்தை அவங்களே தேடிப் படிச்சுடுவாங்க. முடிவு என்னன்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க, ஒரு கேள்வியோட முடியும், அதப் பத்தி பசங்க தாங்களே சண்டை போட்டுக்கணும்.

படம் போட்ட நாவலை சிலர் காமிக்ஸ்தானேன்னு ஒதுக்கிடறாங்க, அது எனக்கு வருத்தமா இருக்கு. ஜெர்ரி க்ராஃப்ட் எழுதி வரைஞ்ச நியூ கிட்தான் நியூபெரி மெடல் வாங்கின முதல் கிராஃபிக் நாவல், 2020ல. கறுப்பினப் பையன் ஜோர்டனுக்கு படம் வரையற ஸ்கூல்ல சேரணும்னு ஆசை, வீட்ல ஒரு பணக்கார பிரைவேட் ஸ்கூல்ல போட்டுடறாங்க, அங்க கறுப்பினப் பசங்க ரொம்பக் கம்மி. டீச்சர் ஒருத்தர் ஒரு பையனை திரும்பத் திரும்ப வேற பையன் பேர் சொல்லியே கூப்பிடுவாங்க, அந்தப் பையன் முகத்தை மட்டும் பாருங்க, டீச்சர்ங்க எல்லாரும் அந்தப் பக்கங்களை ஒரு தடவையாவது படிக்கணும். ஸ்கூல் மாறி வந்து மதியம் தனியா உக்காந்து சாப்பிடற பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுங்க.

ஓரளவு படிக்கிற பசங்களுக்கு

இவங்களுக்கு தெரிஞ்ச இடத்துல நடக்கற கதையில ஆரம்பிச்சா சுலபமா உள்ள போயிடுவாங்க. பத்மா வெங்கட்ராமன் சென்னையில பிறந்தவங்க, கடல் ஆராய்ச்சி பண்ணவங்க, இப்ப அமெரிக்காவுல இருந்து எழுதறாங்க. அவங்களோட த பிரிட்ஜ் ஹோம், 2019ல வந்தது. அப்பா அடிக்கறது தாங்காம விஜியும் அக்கா ருக்குவும் வீட்டை விட்டு சென்னைக்கு ஓடி வர்றாங்க, ருக்குவுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. இடிஞ்ச பாலத்து மேல அருள், முத்துன்னு ரெண்டு பசங்களோட சேர்ந்து தங்கிக்கிட்டு, குப்பை மேட்டுல பொறுக்கி விற்கறாங்க. மொத்தமும் விஜி அக்காவுக்கு எழுதற கடிதம். தினமும் பஸ் ஜன்னல்ல இருந்து பாக்கற பசங்களை இந்தக் கதைக்கு அப்புறம் நம்ம பிள்ளைங்க வேற மாதிரி பாப்பாங்க. ரொம்ப அழ வைக்கும், வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தா கொஞ்ச நாள் கழிச்சுக் கொடுங்க. அவங்களோட பார்ன் பிஹைண்ட் பார்ஸும் நல்லா இருக்கும், செய்யாத குத்தத்துக்கு சென்னை ஜெயில்ல இருக்கிற அம்மாவுக்குப் பிறந்து அங்கயே வளர்ந்த கபீரை, அம்மாகூட ஜெயில்ல இருக்கற வயசு தாண்டிடுச்சுன்னு வெளிய அனுப்பிடறாங்க.

ஹிஸ்டரி போர்ஷன்ல பிரிவினை வரும்போது வீரா ஹிரானந்தானியோட த நைட் டைரியை கூடவே வைங்க. 2019ல நியூபெரி ஹானர், அதாவது அந்த மெடலுக்கு அடுத்தபடியா கொடுக்கற சிறப்பு, வாங்கினது. 1947 ஜூலைல, இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற மிர்பூர் காஸ்ல, பன்னெண்டு வயசு நிஷாவுக்கு வீட்டு சமையல்காரர் காஸி ஒரு டைரி கொடுக்கறார். பொறந்தப்பவே செத்துப்போன அம்மாவுக்கு அவ தினமும் அதுல எழுதறா. அம்மா முஸ்லிம், அப்பா இந்து, காஸியும் முஸ்லிம், அப்ப நான் யாருன்னு அவளுக்குக் குழப்பம். ஊரை விட்டுக் கிளம்பும்போது காஸி மட்டும் பின்தங்கிடறார். நிஷா வெளிய பேசவே மாட்டா, டைரியில மட்டும்தான் பேசுவா. கிளாஸ்ல வாயே திறக்காத பிள்ளைங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல, அவங்களுக்கு இந்தப் புத்தகம். பாடப்புத்தகத்துல ஒரு பத்தியில முடியற விஷயம் இங்க தண்ணி தீர்ந்துபோன ஒரு குடுவையா கையில வந்து நிக்கும்.

சித்தார்த்தா சர்மாவோட இயர் ஆஃப் த வீட்ஸ் பத்தி நிறைய பேர் பேச மாட்டேங்கறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒடிசா மலைக்கிராமத்துல கோரோக்னு ஒரு கோண்டு இனப் பையன், தோட்டவேலை செய்றவன், அவங்க மலையை பாக்சைட் தோண்ட கம்பெனிக்காரங்க வர்றாங்க. நியமகிரியில 2013ல பன்னெண்டு கிராமசபையும் சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்கல்ல, அந்தப் போராட்டத்தை மனசுல வச்சு எழுதினது. சிவிக்ஸ்ல கிராமசபைன்னு மனப்பாடம் பண்ற பசங்களுக்கு அது எதுக்குன்னு இதுல புரியும்.

இதெல்லாம் படிச்சு முடிச்சவங்களுக்கு 2025 நியூபெரி மெடல் வாங்கின எரின் என்ட்ராடா கெல்லியோட த ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங். 1999ல, 2000 பொறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னு பயந்து ஒரு பையன் சாப்பாட்டு டின் சேர்த்து வைக்கிறான், 2199ல இருந்து வேற ஒருத்தன் வந்து குதிக்கிறான். எதுக்கெடுத்தாலும் பதட்டப்படற பிள்ளைங்களுக்கு நல்லது.

தமிழ்ல

இங்கிலீஷ் மீடியம் பசங்க தமிழ்ல நாவல் படிக்க தயங்கறாங்க, அதனால சின்னதா ஆரம்பிங்க. உதயசங்கரோட ஆதனின் பொம்மை கீழடியை வச்சு எழுதின நாவல், 2023ல பால சாகித்ய புரஸ்கார், அதாவது சாகித்ய அகாடமியோட சிறுவர் இலக்கிய விருது, வாங்கினது, படிச்சு முடிச்ச கையோட கீழடி மியூசியம் கூட்டிட்டுப் போனீங்கன்னா பசங்க அங்க இருக்கிற பானை ஓட்டுல ஆதன்ங்கிற பேரைத் தேடுவாங்க. யெஸ்.பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020ல அதே விருது வாங்கினது, தப்பான தொடுதல் பத்தி பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தவிக்கிற பேரண்ட்ஸுக்கு அது பெரிய துணை, அத மட்டும் தனியா கொடுத்துட்டு விட்டுடாதீங்க, கூடவே உக்காந்து படிங்க. அரசுப் பள்ளின்னா தமிழ்நாடு அரசோட வாசிப்பு இயக்கத்துல, படிக்கிற திறனுக்கு ஏத்தமாதிரி நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா வந்த புத்தகங்கள் இருக்கும், எழுத்துக்கூட்டி படிக்கிற ஏழாங்கிளாஸ் பையனுக்கும் அதுல இடம் இருக்கு.

கையில கொடுக்கறதுக்கு முன்னாடி

நடுவுல ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்க. தெரியாத வார்த்தைக்கு ஒவ்வொரு விரலா மடக்கட்டும், அஞ்சு விரலும் மடங்கிட்டா அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேணாம். ஆனா ஒருத்தி அஞ்சு விரலும் மடங்கின அப்புறமும் விடமாட்டேங்கிறான்னா கொடுத்துடுங்க, ஆசை இருந்தா டிக்‌ஷனரிய அவளே தேடுவா.

கிளாஸ்ல கடைசி பத்து நிமிஷம் வாசிச்சுக் காட்டுங்க, பெரிய பசங்களுக்கும்தான். நடிக்கணும்னு இல்ல, நிதானமா படிச்சாப் போதும். துண்டுச்சீட்டு வச்ச இடம் வந்ததும் மூடி மேசை மேல வச்சிடுங்க, யார் வந்து கேக்கறாங்களோ அவங்ககிட்ட கொடுத்துடுங்க.

கனமான விஷயம் இருக்கிற புத்தகம்னா வீட்டுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இதுல துப்பாக்கி வரும், இதுல சாவு வரும், நான் படிச்சிருக்கேன், இதுக்காகக் கொடுக்கறேன்னு. ஆஞ்சி தாமஸோட த ஹேட் யு கிவ் மாதிரி, போலீஸ் சுட்டு நண்பன் சாகறத நேர்ல பாக்கற பொண்ணு கதை, மொழியும் காரமா இருக்கும், அத நான் பதினொண்ணு பன்னெண்டுக்குத்தான் கொடுப்பேன்.

படிச்சு முடிச்ச அப்புறம்

கதைச் சுருக்கம் எழுது, நீதி என்னன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு பயந்துதான் பாதிப் பிள்ளைங்க புத்தகத்தையே தொடறதில்ல. எந்தப் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்ன, யார் மேல கோவம் வந்ததுன்னு கேளுங்க. பிடிக்கலன்னு சொன்னா ஏன்னு மட்டும் கேட்டுட்டு நிம்மதியா திருப்பி வாங்கிக்கோங்க, பாதியில விடறதுக்கும் அவங்களுக்கு உரிமை இருக்கு.

இந்த இங்கிலீஷ் புத்தகங்க எல்லாம் புதுசா வாங்கினா விலை அதிகம். சென்னையில அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் சிறுவர் பகுதி நல்லா இருக்கு, பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போங்க. ஸ்கூல்ல சொல்லி ஒரே புத்தகத்துல நாலஞ்சு காப்பி வாங்க முடிஞ்சா இன்னும் நல்லது, கூட்டமா படிச்சா பேச்சு தானா வரும். அப்புறம் ஒவ்வொரு புத்தகத்தோட பின்அட்டை உள்பக்கமும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டுங்க, படிச்சவங்க பேரும், அடுத்து யாருக்குக் கொடுக்கலாம்னு அவங்க நினைக்கிற பேரும் அதுல எழுதட்டும், என் கிளாஸ்ல நான் சொல்றத விட அந்தத் தாள்ல இருக்கிற பேரைப் பார்த்துத்தான் பசங்க புத்தகம் எடுக்கறாங்க.