பழைய டி7 புல்டோசரின் கேபிள் பிளேடை ஹைட்ராலிக்குக்கு மாற்றுவது எப்படி

முதலில் பிளேடைத் தூக்கும் ரோப்பைக் கழற்றாதீர்கள். மாற்றுவதென்று முடிவெடுத்த அன்றைக்கே கேபிளை அறுத்து, கப்பிகளை ஓரமாகப் போட்டுவிட்டு, பிறகு பிளேடைத் தூக்கி அளவெடுக்க வழியில்லாமல் செயின் பிளாக்கைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டோசரின் பின்னால் ரோப்பைச் சுற்றி இழுக்கும் அந்தப் பழைய டிரம்முக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்த பிறகு கழற்றலாம்.

பேச்சு தெளிவாக இருக்க ஒரே மெஷினை எடுத்துக்கொள்கிறேன்: 1944 முதல் 1955 வரை வந்த கேட்டர்பில்லர் டி7, 3டி வரிசை. பிளேடு இல்லாமல் சுமார் 11 டன் எடை, நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், முழு வேகமே 1000 ஆர்.பி.எம். தான். அமெரிக்க ராணுவத்துக்குப் போனவற்றில் லெட்டூர்னோ கம்பெனியின் பிளேடும் கேபிள் யூனிட்டும் (அந்த டிரம் உள்ள பெட்டி) நிறைய இருந்தன. உங்களிடம் இருப்பது டி6 ஆகவோ டி8 ஆகவோ இன்டர்நேஷனல் டிடி-18 ஆகவோ இருந்தால் எண்கள் மாறும், வேலை செய்யும் வரிசை மாறாது.

கேபிளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். பிளேடைத் தூக்கும், விட்டால் அது தன் எடையில் விழும், அவ்வளவுதான். கெட்டித்தரையில் பிளேடு மேலேயே வழுக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான், கீழே அழுத்த ஆளில்லை. ஹைட்ராலிக் போட்டதும் பிளேடைத் தரைக்குள் அழுத்த முடியும், டோசரின் மூக்கையே தரையிலிருந்து தூக்க முடியும். எல்லோரும் இதற்காகத்தான் மாற்றுகிறார்கள். ஆனால் சிலிண்டர் பிளேடைக் கீழே தள்ளும்போது அதே பலத்தோடு தான் மாட்டியிருக்கும் இடத்தை மேலே தள்ளும். அந்த இடம் பெரும்பாலும் ரேடியேட்டர் கார்டு, அதாவது ரேடியேட்டரைக் காக்க முன்னால் நிற்கும் கனமான இரும்புச் சட்டம். கேபிள் காலத்தில் அதன் தலையில் இருந்த கப்பி அதை முன்னாலும் கீழேயும் இழுத்தது. கார்டு மெயின் ஃபிரேம் மேல் அழுந்தி உட்கார்ந்திருந்தது, போல்ட்டுகளுக்குப் பெரிய வேலை இல்லை. இப்போது அதே கார்டை யாரோ பிடுங்கி எடுக்கப் பார்ப்பது போல விசை மேல்நோக்கி வருகிறது, முழு இழுப்பும் போல்ட்டுகள் மேல்தான்.

நான் கை வைத்த முதல் மெஷினில் இது எனக்குப் புரியவில்லை. பழைய எக்ஸ்கவேட்டரிலிருந்து கிடைத்த 100 மில்லி மீட்டர் சிலிண்டர்கள் இரண்டை அப்படியே கார்டில் மாட்டி, பிரஷரையும் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வைத்துவிட்டேன். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் ரேடியேட்டருக்குக் கீழே தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் கார்டின் அடி போல்ட்டுகளில் இரண்டு நீண்டு கழுத்து ஒல்லியாகியிருந்தது, தகட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நகம் போகிற அளவு இடைவெளி, கார்டு ஆடிய ஆட்டத்தில் ரேடியேட்டரின் அடித் தொட்டி தையலில் விட்டிருந்தது. அதிலிருந்து பம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கார்டைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

கார்டின் இரண்டு பக்கமும் சிலிண்டர் பிராக்கெட் வரும் இடத்திலிருந்து மெயின் ஃபிரேமின் பக்கவாட்டு வரை கீழே இறங்கும்படி 20 மில்லி மீட்டர் தகடு ஒன்று கொடுங்கள். அது ஃபிரேமில் போல்ட்டால் மாட்டட்டும், பின்னாளில் ரேடியேட்டரை இறக்க வேண்டி வரும். இரண்டு பிராக்கெட்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கனமான பைப் கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் இழுபடாது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஹை டென்சில் போல்ட் வாங்குங்கள். வெல்டிங்குக்கு 7018 ராடு, அடுப்பில் காயவைத்தது. தகட்டைச் சூடாக்கிவிட்டுப் பற்ற வையுங்கள். வார்ப்பு இரும்பாக இருக்கிற எந்தப் பாகத்திலும் நேரடியாக வெல்டு வைக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பழைய டிரம்முக்கு வேலை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு ஜி.ஐ. பைப் எடுத்து, மேல் முனையைக் கார்டில் சிலிண்டர் வரப்போகும் இடத்திலும் கீழ் முனையைப் பிளேடைத் தாங்கும் கையிலும் தற்காலிகமாகப் பின் போட்டு மாட்டுங்கள். கேபிளால் பிளேடை முழுசாகத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்துவிட்டு, உள் பைப்பில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு டிராக்கை (டோசர் ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டை) ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்திப் பிளேடைத் தரைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறக்கி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ளதுதான் ஸ்ட்ரோக், இரண்டு முனையிலும் 25 மில்லி மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பைப்பை மாட்டியபடியே பிளேடை ஏற்றி இறக்கும்போது அது டிராக்கிலோ ஹெட்லைட்டிலோ இடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். முழுசாக மடங்கிய நிலையில் சிலிண்டரின் நீளம் ஸ்ட்ரோக்கை விட 25, 30 சென்டி மீட்டர் அதிகமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் வரும்.

பைப் மாட்டியிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்க டிராக்கின் கீழே ஒரு கனமான கட்டையை வைத்து ஏற்றுங்கள். பிளேடின் கைகள் டிராக் ஃபிரேமில் மாட்டியிருக்கின்றன, கார்டோ மெயின் ஃபிரேமில் இருக்கிறது, இரண்டும் தனித்தனியாக அசையும். கட்டை மேல் ஏறியதும் ஒரு பைப் சுருங்கி மற்றது நீள்வதையும், இரண்டுமே லேசாகப் பக்கவாட்டில் சாய்வதையும் பார்ப்பீர்கள். ரோப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிலிண்டரில் இறுக்கமான வெறும் பின்னும் புஷ்ஷும் போட்டால் சிலிண்டரிலிருந்து நீளும் ராடு வளையும், சீல் ஒரு மாதத்தில் போகும். ஆகவே இரண்டு முனையிலும் உருண்டை பேரிங் வைத்த ஐ-எண்டு (வளைய முனை) போடுங்கள், பக்கத்தில் சில மில்லி மீட்டர் இடம் விடுங்கள். இரண்டு சிலிண்டரையும் ஒரே லைனிலிருந்து இணையாகப் பிரித்துக் கொடுங்கள், ஒன்று சுருங்கும்போது அதன் ஆயில் மற்றதுக்குப் போக வேண்டும்.

சிலிண்டர் சைஸுக்கு வருவோம். பெரிசாக இருந்தால் நல்லது என்று நினைப்பது சகஜம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மில்லி மீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 50 மில்லி மீட்டர் ராடு, 140 பார் பிரஷர் என்றால் ஒரு சிலிண்டர் தள்ளும் பலம் ஏழு டன்னுக்குச் சற்று மேல், இழுக்கும் பலம் நாலேகால் டன்னுக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து தள்ளுவது 14 டன், தூக்குவது எட்டரை டன். பிளேடு இல்லாமல் டோசரின் எடை 11 டன், அதன் மூக்கைத் தூக்க அதில் பாதி போதும். சிலிண்டர் கையின் நடுவில் மாட்டினால் பிளேடு முனைக்குப் போய்ச் சேருவது பாதிதான், அப்படியும் மிச்சம் இருக்கிறது. 100 போர் போட்டால் அதே 140 பாரில் ஒவ்வொன்றும் 11 டன் தள்ளும், 50 மில்லி மீட்டர் ராடு முழுசாக நீண்டிருக்கும்போது அதைத் தாங்குவது கஷ்டம். வேண்டாத பலத்தை வாங்கி, அதைத் தாங்க இன்னும் இரும்பு சேர்க்க வேண்டியதாகிவிடும். டி7-க்கு 80, மிஞ்சினால் 90.

பம்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லோடரிலிருந்து கழற்றிய கியர் பம்ப் 2000 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்கு 60 லிட்டர் தள்ளும் என்றால், அது ஒரு சுற்றுக்கு 30 சி.சி. பம்ப். டி7 இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் நேராக மாட்டினால் கிடைப்பது 30 லிட்டர்தான், பிளேடு ஆமை வேகத்தில் எழும். 900 மில்லி மீட்டர் ஸ்ட்ரோக்கில் பிளேடைத் தூக்கும்போது நிரம்பும் ராடு பக்கம் இரண்டு சிலிண்டரிலும் சேர்ந்து ஐந்தரை லிட்டர். 60 லிட்டர் பம்ப் அதை ஐந்தரை விநாடியில் நிரப்பும், 30 லிட்டர் பம்புக்குப் பதினொரு விநாடி. ஆகவே ஒன்று சுற்றுக்கு 60 சி.சி. பம்ப் வாங்குங்கள், அல்லது ஒன்றுக்கு இரண்டு என்று வேகத்தைக் கூட்டும் கியரோ செயினோ நடுவில் வையுங்கள். 60 லிட்டரும் 140 பாரும் சேர்ந்தால் சுமார் 19 குதிரைத்திறன், பம்பின் நஷ்டத்தோடு 20-க்கு மேல். ஒற்றை வி-பெல்ட்டால் ஆகாது. கிராங்க்கின் முன்முனையிலிருந்து யூனிவர்சல் ஜாயின்ட் வைத்த ஒரு குட்டி ஷாஃப்ட் கொடுத்துப் பம்பைக் கார்டுக்கு முன்னால் உட்கார வைப்பது எனக்குப் பிடித்த வழி. மேலே கனமான மூடி போடுங்கள், கல் வந்து அடிக்கும் இடம் அது.

பின்னால் கேபிள் யூனிட் இருந்த இடத்திலேயே பம்பை மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மாட்டலாம், ஆனால் அந்த ஷாஃப்ட் கியர்பாக்ஸ் வழியாக வருகிறது, மெயின் கிளட்சை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். கியர் மாற்றும் நேரத்தில் பிளேடு தூக்காது. பள்ளத்தின் ஓரத்தில் வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கண்ட்ரோல் வால்வு வாங்கும்போது ஃப்ளோட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்று, நிறுத்து, இறக்கு, இவை மூன்றும் எல்லா வால்விலும் உண்டு. நான்காவதாக லீவரைத் தள்ளினால் அங்கேயே நின்றுகொள்கிற ஃப்ளோட் வேண்டும், அதில் சிலிண்டரின் இரண்டு பக்கமும் டேங்க்கோடு சேர்ந்துவிடும், பிளேடு தன் எடையில் தரையைத் தொட்டுக்கொண்டு மேடு பள்ளத்தோடு ஏறி இறங்கும். கேபிள் பிளேடு இயல்பாகவே இப்படித்தான் இருந்தது, பின்னோக்கி இழுத்து மட்டம் செய்ய அது அருமையாக வரும். ஃப்ளோட் இல்லாத வால்வைப் போட்டு அந்த நல்ல குணத்தை இழக்க வேண்டாம். கியர் பம்ப் என்பதால் ஓப்பன் சென்டர் வால்வாக, அதாவது லீவர் நடுவில் இருக்கும்போது ஆயிலை டேங்க்குக்கே திரும்ப விடுகிற வால்வாக இருக்க வேண்டும்.

பிளேடு சட்டென்று விழும்போது என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். இரண்டு விநாடியில் விழுந்தால் சிலிண்டர்களின் தலைப் பக்கம் (ராடு இல்லாத பக்கம்) ஒன்பது லிட்டர் ஆயில் கேட்கும், அந்த நேரத்தில் பம்ப் தரக்கூடியது இரண்டே லிட்டர். மிச்சம் வெற்றிடம். பிளேடு தரையில் கிடக்கும், லீவரை இறக்குவதற்குத் தள்ளினால் ஏழு விநாடி வரை அழுத்தமே வராது, பம்பில் கோளாறு என்று நினைத்துக் கழற்றத் தொடங்குவார்கள். இதற்கு க்விக் டிராப் வால்வு என்று ஒன்று உண்டு, ராடு பக்கத்திலிருந்து வெளியே வரும் ஆயிலை டேங்க்குக்கு அனுப்பாமல் நேராகத் தலைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அதைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கூடவே டேங்க்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ள ஒரு செக் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இருந்தால் இடைவெளி வெகுவாகக் குறையும்.

மற்றவை சுருக்கமாக. டேங்க் 80, 90 லிட்டர், பம்பை விட உயரத்தில். உறிஞ்சும் ஹோஸ் ஒன்றரை இஞ்ச், அதைக் குறைக்காதீர்கள், குறைத்தால் பம்ப் கரகரவென்று கத்தும். பிரஷர் லைன் முக்கால் இஞ்ச், இரண்டு அடுக்குக் கம்பி வைத்த ஹோஸ். திரும்பும் லைனில் 10 மைக்ரான் ஃபில்டர், டேங்க் மூடியில் காற்று ஃபில்டர். வெயில் காயும் ஊரில் 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். வெல்டு வைத்த டேங்க்கின் உள்ளே ஒட்டியிருக்கும் கசடைச் சுரண்டித் துடைத்து எடுக்காமல் ஆயில் ஊற்றவே கூடாது.

இனி கேபிளைக் கழற்றலாம். பிளேடைத் தரையில் முழுசாக இறக்கி, ரோப் தொய்ந்த பிறகு மட்டும். பின்னால் உள்ள யூனிட்டை எடுத்தால் அந்தத் துவாரத்துக்கு கேஸ்கெட் வைத்து மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் பின் கேஸின் ஆயில் தரையில் இருக்கும். அந்த யூனிட் பின்னால் நல்ல எடை கொடுத்துக்கொண்டிருந்தது, எடுத்தால் டோசர் மூக்குப் பக்கம் கனக்கும். அதனால் ரிப்பரோ (பின்னால் மாட்டித் தரையைக் கிழிக்கும் கொக்கி) வேறு எடையோ வராதவரை நான் அதை அங்கேயே விட்டுவிடச் சொல்வேன், மண்ணைச் சுரண்டி அள்ளும் ஸ்கிரேப்பர் இழுக்கவும் உதவும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பின் உள்ளே கையால் ஆயில் ஊற்றுங்கள். பிரஷருக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வை முழுசாகத் தளர்த்தி வைத்து, கேஜ் மாட்டி, இன்ஜினை ஐட்லிங்கில் ஓட்டி, பிளேடு எழும் அளவுக்கு மட்டும் அதன் ஸ்குரூவை இறுக்கி, பிளேடை மெதுவாகப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள், காற்று டேங்க்கில் நுரையாக வந்து அடங்கும். பிறகு சிலிண்டரை முனை வரை கொண்டுபோய் லீவரைப் பிடித்தபடி ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், முதலில் 70 பார், எல்லா இணைப்பும் பார்த்து, அப்புறம் 100, கடைசியில் 140. அங்கே நிறுத்துங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அட்டை ஒன்றைக் காட்டித் தேடுங்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறியது என்று சொல்லுங்கள்.

பிளேடுக்கு அடியில் போகும்போது எப்போதும் கட்டை. ஹைட்ராலிக்தான் பிடித்திருக்கிறதே என்று நம்ப வேண்டாம், ஹோஸ் வெடித்தால் பிளேடு விழும்.

ஓட்டுகிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வேலை செய்யக் கூடாது. பிளேடை அழுத்த அழுத்த மெயின் ஃபிரேம் முதலில் முன் ஸ்பிரிங்கிலிருந்து எழும்பும், டிராக் அப்புறம்தான். அந்த எழும்பல் தெரிந்தவுடன் லீவரை விடப் பழக வேண்டும்.

பத்து மணி நேரம் ஓடியதும் ஃபில்டரை மாற்றி, பழையதை அறுத்து விரித்துப் பாருங்கள். பித்தளைத் தூள் மின்னினால் பம்பில் தேய்மானம், கறுப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஹோஸ் வெட்டிய பிசிறு அல்லது சீல். அதே நாளில் கார்டு போல்ட்டுகளை எல்லாம் மறுபடி இறுக்குங்கள். பிராக்கெட்டைச் சுற்றி வெல்டுக்கு மேல் வெளிர் நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் நல்லது, உள்ளே இரும்பு விரிசல் விடத் தொடங்கினால் பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு துருக்கோடு முதலில் தெரியும்.